சேர்த்து வைத்த ஏடும் தேடிப் பார்த்த கண்ணும்



பால்மரம் வெட்டி வாழ்ந்த நமக்கு ஏட்டின் அருமை நன்றாகத் தெரியும். விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்தால்தான் அன்றைய கூலி. "நான் வேலைக்கு வந்தேனுங்க" என்று வாயால் சொன்னால் போதாது. கிராணியார் செக்ரோலில் பதிந்திருக்க வேண்டும். பிறப்புப் பத்திரத்துக்கும் குடியுரிமைக்கும் அலைந்த நாள்களில், ஒரு பழைய காகிதம் கிடைத்தால் எவ்வளவு பெரிய நிம்மதி என்பதையும் நம் பெரியவர்கள் அறிவார்கள்.

வானத்தைப் பற்றிய அறிவும் இப்படிப் பதிந்து வைத்த ஏடுகளால்தான் வளர்ந்தது. அந்த வரலாற்றைச் சற்றுச் சொல்கிறேன், கேளுங்கள்.

தமிழ்நாட்டின் பழனி மலைத்தொடரில் இருக்கும் கோடைக்கானலில் 1899-ஆம் ஆண்டு ஒரு வான் ஆய்வுக்கூடம் அமைந்தது. மேகம் மறைக்காத நாள்களில் சூரியனைப் படம் பிடிக்கும் வேலையை 1904 முதல் அங்கே விடாமல் செய்து வந்தார்கள். அன்று படம் எடுத்தவர்கள் இன்று இல்லை. ஆனால் அவர்கள் எடுத்த படங்கள் கணினிக்கு மாற்றப்பட்டு, நூறு ஆண்டுகளுக்கு மேலான சூரியப் புள்ளிகளின் கணக்கை உலக ஆய்வாளர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

கோள்களுக்கு விண்கலங்கள் போகத் தொடங்கியதும் இந்த ஏட்டு வேலை இன்னும் பெரிதாயிற்று. 1960-களிலும் 70-களிலும் வந்த தகவல்கள் காந்த நாடாக்களில் கிடந்தன. நாளாக ஆக நாடா கெட்டது. அதைப் படிக்கும் இயந்திரமும் பழசாகிப் போனது. அவ்வளவு பணம் செலவழித்துக் கொண்டுவந்தது வீணாகிவிடுமோ என்ற கவலை வந்தது. ஆகவே 1980-களின் இறுதியில் நாசா என்னும் அமெரிக்க விண்வெளி நிறுவனம் கோள்களின் தகவலுக்கென்றே ஒரு பொதுக் களஞ்சியத்தைத் தொடங்கியது. எந்த நாள், எந்த இடம், எந்தக் கருவி என்ற குறிப்போடு தகவலை அங்கே சேர்க்கிறார்கள். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் பார்க்கலாம்.

"பழைய படத்தை வச்சு என்னங்க செய்யறது?" என்று நீங்கள் கேட்கலாம். மெகல்லன் என்ற கலம் 1991-இல் வெள்ளிக் கோளை ரேடாரால் படம் பிடித்தது. 30 ஆண்டுகளுக்குப் பிறகு ஆய்வாளர்கள் அந்தப் படங்களை ஒப்பிட்டார்கள். எட்டு மாத இடைவெளியில் ஓர் எரிமலை வாய் அகன்று உருமாறியிருந்ததைக் கண்டு, 2023-இல் அறிவித்தார்கள். எரிமலை அன்றே பேசிவிட்டது. கேட்க ஆள் வரத்தான் இத்தனை காலம் ஆயிற்று!

இனி நம் தமிழர் ஒருவரின் கதைக்கு வருவோம். 2019 ஜூலை 22-இல் இந்தியா சந்திரயான்-2 கலத்தை ஏவியது. அதிலிருந்து பிரிந்த விக்ரம் என்னும் இறங்குகலம், செப்டம்பர் 7 அதிகாலை, நிலவின் தென்துருவத்திலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தொலைவில் இறங்க முயன்றபோது தொடர்பு அறுந்து போனது. நிலவைச் சுற்றி வரும் நாசாவின் கலம் ஒன்று செப்டம்பர் 17-இல் அந்த வட்டாரத்தைப் படம் எடுத்தது. 26-ஆம் தேதி அந்தப் படம் எல்லாருக்கும் வெளியிடப்பட்டது. பல நாட்டவரும் அதை வைத்துத் தேடினார்கள்.

சென்னையில் வேலை பார்த்த மதுரைக்காரர், சண்முக சுப்பிரமணியன் என்ற இளம் பொறியாளரும் தேடினார். அவர் விண்வெளி நிறுவனத்தில் வேலை செய்தவர் அல்லர். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 1.3 மீட்டர். முன்பு இல்லாத ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி அவர் கண்ணில் பட்டது. உடனே நாசாவுக்கு எழுதினார்.

எழுதியவுடன் அவர்கள் நம்பிவிடவில்லை, அதுதான் முறையும்கூட. பழைய படங்களோடு சரிபார்த்து, அக்டோபரிலும் நவம்பரிலும் எடுத்த படங்களையும் ஆராய்ந்து, டிசம்பர் 2-ஆம் தேதி அது விக்ரமின் சிதறல்தான் என்று அறிவித்தார்கள். கலம் மோதிய இடம் அதற்குத் தென்கிழக்கே சுமார் 750 மீட்டரில் இருந்தது. நாசா வெளியிட்ட படத்தில் அவர் கண்ட சிதறலுக்கு 'எஸ்' என்ற எழுத்தே அடையாளம்!

தங்கள் சுற்றுக்கலம் முன்பே விக்ரமைக் கண்டுவிட்டதாக இந்திய விண்வெளி நிறுவனத்தார் சொன்னார்கள். அது இருக்கட்டும். படம் பொதுவில் இருந்ததால்தான் ஒரு தனி மனிதர் தேட முடிந்தது, அவர் சொன்னதை மற்றவர்கள் சரிபார்க்கவும் முடிந்தது. இதைத்தான் நாம் மனத்தில் கொள்ள வேண்டும். 2023 ஆகஸ்டு 23-இல் சந்திரயான்-3 நல்லபடியாக நிலவில் இறங்கியது. பெங்களூருக்கு அருகே பியாலாலு என்ற ஊரில் இருக்கும் இந்தியத் தகவல் மையம், சந்திரயான் தகவல்களையும் இணையத்தில் பேர் பதிந்து பெற வழி செய்திருக்கிறது.

மாணவர்களே, நீங்களும் தொடங்கலாம். முதலில் ஒரு சின்னக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தை இரண்டு வெவ்வேறு நாள்களில் எடுத்த படங்களைத் தேடுங்கள். வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று கவனியுங்கள். நிழல் மாறினால் குழிகூட மேடாகத் தெரிந்து ஏமாற்றிவிடும். கண்டதை நாளும் இடமும் போட்டு நோட்டில் எழுதி, ஆசிரியரிடம் காட்டிச் சரிபாருங்கள். "நமக்கெல்லாம் இது வருமா?" என்று தயங்க வேண்டாம். களஞ்சியத்தின் கதவு திறந்துதான் இருக்கிறது, பொறுமைதான் வேண்டும்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் ஜொகூரில் எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயம் இடிபடும்போது ஏடும் சேர்ந்து போய்விடுகிறது. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய சம்பளச் சீட்டு, பள்ளிப் படம், இதுபோன்ற மலர் எதையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் பேரும் ஆண்டும் எழுதி வையுங்கள். பிள்ளைகள் பள்ளியில் ஒரு மழைமானி வைத்து நாள்தோறும் மழையளவைக் குறிக்கட்டும்.

நாளைக்கு யார் வந்து எதைத் தேடுவார் என்று நமக்குத் தெரியாது. தேடி வருபவருக்கு ஏடு இருக்க வேண்டும்; ஏடு இருக்கும் இடத்தில் தேடத் தெரிந்த நம் பிள்ளை இருக்க வேண்டும்.