ஊர் தந்த எழுத்து

தேனிப் பேருந்து நிலையத்தில் சிறிது நேரம் நின்றால் போதும். மேற்கே புறப்படும் வண்டியின் நடத்துநர் கூவுவது இரண்டே எழுத்து: "போடி! போடி!" அவ்வழியே புதிதாக வருவோர் நகைப்பர். 'யாரை விரட்டுகிறார் இவர்?' என்று கேட்போரும் உண்டு. எவரையும் விரட்டவில்லை, ஓர் ஊரின் பெயரைத்தான் சொல்கிறார்.

அதே ஊரின் இரயில் நிலையத்திலோ மஞ்சள் பலகை முழுப்பெயரைத் தாங்கி நிற்கிறது: போடிநாயக்கனூர். 1928ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து இருப்புப்பாதை வந்தது. அகலப்பாதைப் பணிக்காக 2010இன் இறுதியில் நின்ற வண்டி, 2023 சூன் திங்களில் மீண்டும் போடிக்கு வந்து சேர்ந்தது. நின்ற காலத்திலும் ஓடிய காலத்திலும் பலகையில் எட்டெழுத்து. மக்கள் நாவில் இரண்டெழுத்து. நடுவே விடுபட்டுப் போன எழுத்துகளில் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. அந்த வரலாறு ஊரோடு நிற்பதில்லை. நம் பெயரின் முன்னே ஒற்றை எழுத்தாக வந்து அமர்ந்து, நம்மோடு பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் கடல் கடந்தும் செல்கிறது. அதனை ஆராய்வது பகுத்தறிவாளர் கடமை.

பெயர் வந்த வழி

விசயநகரப் பேரரசின் கிளையாக மதுரையில் நாயக்கராட்சி தோன்றியது 16ஆம் நூற்றாண்டில். விசுவநாத நாயக்கர் காலத்தில் நாடு 72 பாளையங்களாக வகுக்கப்பட்டது என்பது வழிவழி வரும் செய்தி. அப்பாளையங்களுள் ஒன்று நம் மலையடிவார ஊர். இதனை ஆண்ட தெலுங்கு பேசும் குடும்பத்தார், தம் முன்னோர் ஆந்திர நாட்டுக் குத்திக் கோட்டைப் பக்கமிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டனர். 'போடய' என்பது அக்குடும்பத் தலைவர்கள் வழிவழியாகத் தாங்கிய பெயர். 'நாயக்கன்' என்பது படைத்தலைவனைக் குறித்த பட்டம். போடி நாயக்கன் ஆண்ட ஊர், போடிநாயக்கனூர். இதில் மறைபொருள் ஏதுமில்லை.

இங்கே நம் தோழர்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். 'போடி' என்பதைப் 'போதி' ஆக்கி, புத்தர் அமர்ந்த மரத்தோடு முடிச்சுப் போடும் ஆசை நமக்கு எழக்கூடும். கேட்க இனிக்கும். ஆனால் சான்று எங்கே? புராணிகர் கட்டுகின்ற தலபுராணத்தைச் சான்றில்லை என்று தள்ளும் நாம், நமக்குப் பிடித்த கதை என்பதற்காக மட்டும் ஒன்றை ஏற்றுக்கொண்டால், நாமும் தலபுராணம் எழுதத் தொடங்கிவிட்டோம் என்பதே பொருள்.

அண்டை ஊர்களையும் பாருங்கள். எரசக்கநாயக்கனூர், காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி — பட்டத்தையும் சாதியையும் சுமக்கும் பெயர்கள் எத்தனை! செப்பேடுகளால் வரலாற்றில் இடம்பெற்ற சின்னமனூருக்குப் பாண்டியர் காலத்தில் அரிகேசரிநல்லூர் என்று பெயர். அரிகேசரி என்பது பாண்டிய மன்னர் தாங்கிய சிறப்புப் பெயர். பாண்டியன் போனான், அவன் பெயரும் ஊரைவிட்டுப் போயிற்று. பிறகு வந்த ஆட்சியில் ஊர் வேறு பெயர் பூண்டது. வென்றவன் தன் பெயரை ஊரின் நெற்றியில் எழுதுகிறான். குளம் வெட்டியவனும் காடு திருத்தியவனும் நெல் நட்டவளும் எந்தப் பலகையிலும் இல்லை.

ஆட்சி செய்தவள் பெண்ணாக இருந்தாலும் அதே கதைதான். 1888இல் போடி சமீன்தார் காமராச பாண்டிய நாயக்கர் மறைந்தார். அவருக்குப் பின் 1921 வரை சமீனைத் தன் கையில் வைத்திருந்தவர் அவர் மனைவி காமுலம்மாள். முப்பதாண்டுக்கு மேல் ஒரு பெண்ணின் பொறுப்பில் இருந்த ஊர் இது. ஆயினும் பெயரில் நாயக்கன் நிற்கிறான், நாயகி இல்லை.

மெட்டும் பாறையும்

இனி மலை ஏறுவோம். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. 'மேடு' என்பதன் உறவுச்சொல் 'மெட்டு'. மலைத்தொடரைக் கடக்கும் கணவாய் வழியை நம் வட்டார மக்கள் மெட்டு என்பர். போடிமெட்டு, கம்பம்மெட்டு என்று எல்லைக் கோடு நெடுகிலும் இச்சொல் நிற்கிறது. அப்பால் ஏலமலை. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, தேவிகுளம் — எல்லாம் தமிழ்ச் சொற்கள். 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. வரைபடத்தில் கோடு மாறியது. பாறையும் சோலையும் தம் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

சமவெளிப் பெயருக்கும் மலைப் பெயருக்கும் உள்ள வேறுபாட்டை நோக்குக. சமவெளியில் ஆண்டவன் பெயர். மலையில் கண்டதன் பெயர். உடும்பு திரிந்த சோலை உடும்பன்சோலை. இப்பெயர்களில் எவருடைய பட்டமும் இல்லை, எவருடைய சாதியும் இல்லை. அங்கே நடந்து சென்றவர்களும் உழைத்தவர்களும் சூட்டிய பெயர்கள் அவை. இன்றும் விடியற்காலையில் ஏலக்காய் பறிக்கப் போடியிலிருந்து மெட்டு ஏறிச்செல்லும் பெண்களின் வாயில் வாழ்கின்ற பெயர்கள் அவை.

ஊர், ஒருவர்க்குப் பெயராகும் விதம்

ஆள் பெயர் ஊர்ப் பெயரானதைக் கண்டோம். ஊர்ப் பெயர் ஆளுக்குப் பெயராவதைக் காண்போம்.

இவ்வழக்கு நமக்குப் புதிதன்று. சங்கப் புலவர் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். கோவூர் கிழார், ஆவூர் மூலங்கிழார், ஒக்கூர் மாசாத்தியார் — ஊரே அவர்தம் அடையாளம். ஆண்பாற் புலவருக்கும் பெண்பாற் புலவருக்கும் ஊர் பொதுவாக வாய்த்தது.

ஆந்திரத்தில் இது 'இண்டிபேரு' என்னும் வீட்டுப் பெயராக நிலைத்தது. குடியரசுத் தலைவராக இருந்த இராதாகிருட்டிணன் திருத்தணியைச் சேர்ந்தவர் என்பது அனைவரும் அறிந்ததே. அவர் பெயரின் முன் நின்ற சர்வேபள்ளியோ, அவருடைய முன்னோர் விட்டுவந்த நெல்லூர்ச் சீமைச் சிற்றூர். மராட்டியத்தில் ஊர்ப் பெயரோடு 'கர்' என்பதைச் சேர்த்தால் அவ்வூரார் என்று பொருள். கோவாவின் மங்கேசியிலிருந்து மங்கேசுகர் பிறந்தது அவ்வாறே.

இவ்வரிசையில் நம் நெஞ்சைத் தொடும் பெயர் ஒன்றுண்டு. இரத்தினகிரி மாவட்டத்தின் அம்படவே என்னும் சிற்றூர் அண்ணல் அம்பேத்கரின் முன்னோர் ஊர். பள்ளியில் அம்படவேகர் என்று வழங்கிய பெயரே பின்னர் அம்பேத்கர் ஆயிற்று. சிந்தித்துப் பாருங்கள்! எந்தக் குலத்தாரை ஊர் தன் எல்லைக்கு அப்பால் நிறுத்தியதோ, அந்தக் குலத்தில் வந்த ஒருவர் அவ்வூரின் பெயரைத் தாங்கினார். ஊர் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. அவரோ ஊருக்கு உலகத்தில் இடம் தேடிக் கொடுத்தார்.

வால் போயிற்று, தலை நின்றது

தமிழகத்தில் நேர்ந்த மாற்றம் வேறு வகையானது. இங்கே பெயரின் முன்னே ஊரும் தந்தை பெயரும் இருந்தன. பின்னே சாதி வால் தொங்கிக்கொண்டிருந்தது. முன்னே இருந்தது முகவரி. பின்னே இருந்தது விலைச்சீட்டு.

அந்த வாலை வெட்டி எறிய வேண்டுமென்று கிளம்பியது சுயமரியாதை இயக்கம். 1927இன் இறுதியில் 'குடிஅரசு' இதழில் ஆசிரியர் பெயரோடு இருந்த 'நாயக்கர்' என்னும் பட்டம் மறைந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டொழிக்குமாறு தீர்மானம் செய்தது. போடியின் பலகையில் எந்தப் பட்டம் நிற்கிறதோ, அதே பட்டத்தைத்தான் ஈரோட்டுக்காரர் கழற்றி எறிந்தார். அவர் விடாதது எதனை? ஈரோட்டை! ஈ.வெ.இராமசாமி என்பதில் முதலெழுத்து ஊர். காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரை என்பதிலும் முதலெழுத்து ஊரே. சாதி வேண்டா, ஊர் இருக்கட்டும் என்பதே அன்று எடுத்த முடிவு. மற்ற மாநிலத்தார் பெயரைப் படித்த அளவிலேயே சாதி தெரிகிறது. தமிழர் பலரின் பெயரில் அது தெரிவதில்லை. இஃது எளிய வெற்றியன்று.

அந்தத் தலைப்பெழுத்தும் நெடுங்காலம் ஆங்கில உடை அணிந்திருந்தது. காஞ்சிபுரம் வெள்ளையர் வாயில் 'கான்சீவரம்' ஆனதால் அண்ணா 'சி.என்.' ஆனார். பெயரோடு தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுதவேண்டுமென்று தமிழ்நாடு அரசு 2021 திசம்பரில் ஆணையிட்டது. நம் வகுப்புப் பிள்ளைகள் இன்று 'போ.' என்று எழுதுவதைக் காண மகிழ்ச்சியே. பிழைப்புக்காக வெளிநாடு செல்வோரிடம் அங்குள்ள படிவங்கள் குடும்பப் பெயர் கேட்கின்றன. அப்போது இந்த ஒற்றை எழுத்து விரிந்து முழு ஊராகிறது. ஊரையே காணாத பேரக்குழந்தைக்கும் அது குடும்பப் பெயராகிவிடுகிறது.

எவருடைய ஊர்?

இதுவரை சொன்னதெல்லாம் பெருமை. இனிச் சொல்வது வகுப்பறையில் நாம் கற்ற பாடம்.

பள்ளி திறந்த வாரத்தில் பிள்ளைகளை ஒரு தாளில் பெயரும் ஊரும் எழுதச் சொன்னோம். ஊர்ப் பெயர்களின் வரலாற்றை அவர்களைக் கொண்டே தேடச்செய்வது நம் எண்ணம். எல்லாரும் தத்தம் சிற்றூரையும் தெருவையும் எழுதினர். ஒரு சிறுவன் மட்டும் 'போடி' என்று எழுதி நிறுத்திக்கொண்டான். "போடியில் எந்தப் பக்கம், தம்பி?" என்று கேட்டோம். அவன் விடை கூறவில்லை. பக்கத்திலிருந்த மாணவன் கூறிவிட்டான், 'காலனி' என்று. வகுப்பில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. சிறுவன் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டான்.

கேட்டிருக்கக்கூடாத கேள்வியைக் கேட்டது நாம். சாதியைக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு சாதியைத்தான் கேட்டிருக்கிறோம்! பெயரின் வால் போய்விட்டது. ஆனால் 'எந்த ஊர்? எந்தத் தெரு?' என்ற இரண்டு கேள்விகளில் அந்த வாலைத் தேடி எடுத்துவிடுகிறது நம் சமூகம். ஊர் என்றும் சேரி என்றும் நிலத்தைப் பிளந்து வைத்திருக்கும்வரை, ஊர்ப் பெயர் எல்லாருக்கும் ஒரே பெயராக இருப்பதில்லை. சிலருக்கு அது முகவரி. சிலருக்கு அது காட்டிக்கொடுக்கும் சாட்சி.

2025 ஏப்ரல் 29ஆம் நாள், 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்போம். ஆயினும் பலகையை மாற்ற ஒரு நாள் போதும். பார்வையை மாற்ற அது போதுமா? அந்தச் சிரிப்பு எந்த ஆவணத்திலும் இல்லையே!

பெண்களின் நிலையையும் எண்ணுக. திருமணமாகி வேற்றூர் புகும் பெண்ணை, அவள் பெயர் சொல்லி அழைப்போர் சிலரே. கம்பத்தில் பிறந்தவள் 'கம்பத்துக்காரி'. தேவாரத்தில் பிறந்தவள் 'தேவாரத்துக்காரி'. பிறந்த ஊர் அவள் பெயரை விழுங்கிவிடுகிறது. புகுந்த வீடு அவள் தலைப்பெழுத்தை மாற்றிவிடுகிறது. ஆணுக்கு ஊர் கூடுதல் சிறப்பு. பெண்ணுக்கோ அவள் பெயருக்குப் பதிலாகத் தரப்படும் அடையாளம். ஒக்கூர் மாசாத்தியாருக்கு ஊரும் இருந்தது, பெயரும் இருந்தது. இரண்டாயிரம் ஆண்டு கழிந்து நம் அக்கைக்கும் தங்கைக்கும் அவ்விரண்டும் இல்லையென்றால், இது வளர்ச்சியா?

நாம் செய்யவேண்டியது

போடிநாயக்கனூர் என்ற பெயரை அழித்துவிடவேண்டும் என்று நாம் வாதிடவில்லை. அது வரலாற்றுச் சாட்சி; சாட்சியைக் கொல்வது வழக்கை வெல்வதாகாது. மேலும், அந்தப் பட்டத்தை மக்கள் தம் நாவிலேயே உதிர்த்துவிட்டனர். பேருந்து நடத்துநரின் கூவலில் நாயக்கனும் இல்லை, சமீனும் இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் சமீனை ஒழித்தது. பட்டத்தை ஒழித்தது மக்கள் பேச்சு.

செய்யவேண்டியது இதுதான். 'எந்தத் தெரு?' என்று கேட்குமுன், எதற்காகக் கேட்கிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். வீட்டுக்கு வந்த மருமகளை அவள் பெயரால் அழைப்போம். ஊர்க் கிணறும் ஊர்க் கோயிலும் ஊர்ச் சாவடியும் ஊர்ச் சுடுகாடும் எல்லார்க்கும் பொதுவாகும் வரை வாதாடுவோம். அப்போதுதான் ஊரின் எழுத்தைத் தலையில் சூடிக்கொள்ளும் உரிமை எல்லார்க்கும் ஒன்றாகும்.

எல்லா ஊரையும் தம் ஊராகவும் எல்லா மக்களையும் தம் உறவாகவும் கொண்ட புலவர் கணியன் பூங்குன்றனார். அவர் பெயரிலும் ஓர் ஊர் இருக்கிறது. பூங்குன்றம் அவர் ஊர். தம் ஊரைப் பெயரில் தாங்கியவரே உலகையும் தம் ஊராகக் கண்டார்.

அந்தச் சிறுவன் மறுவாரம் அத்தாளை நம்மிடம் கொடுத்தான். போடி என்று எழுதியதற்கு மேல் எதுவும் சேர்க்கவில்லை. நாமும் கேட்கவில்லை. அவன் எழுதியது முழுமையான விடை. போடி அவன் ஊர்.