பொறி எப்போது விழவேண்டும்? சிரிப்பு வாயு பந்தயக் காருக்கு வந்த கதை



பெர்மாஸ் ஜெயா, பாசிர் கூடாங் பக்கத்துப் படிவம் 4, படிவம் 5 மாணவர்களிடம் ‘நோஸ்’ என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்க. கருத்துணர்தல் பாடத்தில் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருக்கும் பையன்கூட நிமிர்ந்து பதில் சொல்லுவான். 2001-இல் வந்த ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ படத்துக்குப் பிறகு அந்த நீலக் குப்பியை அறியாத பிள்ளைகள் குறைவு. பொத்தானை அமுக்கினால் கார் பறக்கும். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்த கதை.

அடுத்ததாக இன்னொரு கேள்வியையும் கேளுங்க: “அந்தப் பொத்தானை அமுக்கும்போது எஞ்சினில் தீப்பொறி விழும் நேரத்தை ஏன் தள்ளிப்போட வேண்டும்?” வகுப்பு அமைதியாகிவிடும். சக்தி கூடவேண்டுமென்றால் எல்லாமே முந்தி நடக்கணும் என்றுதானே தோன்றும்? பிந்தி நடக்கவேண்டும் என்பதை மனிதர்கள் கற்றுக்கொண்ட விதம் ஒரு நல்ல வரலாற்றுப் பாடம். வாசிப்புப் பகுதியாகவோ கலந்துரையாடலுக்கோ பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

வலியை மறக்கடித்த வாயு

நைட்ரஸ் ஆக்சைடை முதலில் பிரித்தெடுத்தவர் ஆங்கிலேய அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி. ஆண்டு 1772. அப்போது கார் கிடையாது, பெட்ரோல் எஞ்சினும் கிடையாது. 1799-இல் பிரிஸ்டல் நகரில் ஹம்ஃப்ரி டேவி என்ற இளைஞர் அந்த வாயுவைத் தானே முகர்ந்து சோதித்தார். முகர்ந்தவர்களுக்குச் சிரிப்பு வந்தது, வலி குறைந்தது. அறுவைச் சிகிச்சையில் இது பயன்படக்கூடும் என்று 1800-இல் வெளியிட்ட நூலிலேயே அவர் எழுதிவிட்டார்.

ஆனால் அதைச் செய்து பார்க்க ஆளில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அது வேடிக்கைக் காட்சிகளின் ‘சிரிப்பு வாயு’வாகவே சுற்றிவந்தது. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் அப்படியொரு காட்சியைப் பார்த்த பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ், மறுநாளே அந்த வாயுவை முகர்ந்து தன் பல்லையே பிடுங்கச் சொன்னார். வலிக்கவில்லை. அடுத்த மாதம் பாஸ்டனில் மருத்துவர்கள் முன்னிலையில் செய்துகாட்டியபோது நோயாளி கத்திவிட்டார். வாயுப் பையைச் சீக்கிரமாக எடுத்துவிட்டதுதான் காரணம் என்று பின்னர் சொல்லப்பட்டது. வாயுவில் குறையில்லை, நேரம் தப்பிவிட்டது. இந்த இடத்தை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

பொறிக்கென்று ஒரு நெம்புகோல்

இனி எஞ்சினுக்கு வருவோம். சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலே ஏறி அழுத்துகிறது. பிளக் பொறி விடுகிறது. கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பலரும் இதை ‘வெடிப்பு’ என்கிறோம். உண்மையில் அது வெடிப்பு இல்லை. பொறி விழுந்த இடத்திலிருந்து தீ பரவவேண்டும், அதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பொறி விழுந்தால்தான், பிஸ்டன் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கும்போது அழுத்தம் முழுமையடையும்.

ஊஞ்சல் தள்ளுவதை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஊஞ்சல் நம்மை நோக்கி வந்து நின்று, திரும்பும் கணத்தில் தள்ளினால் உயரப் போகும். வந்துகொண்டிருக்கும்போதே எதிர்த்துத் தள்ளினால் நம் கைதான் வலிக்கும்.

இந்த நேரக்கணக்கைப் பழைய காலத்தில் ஓட்டுநரே பார்த்துக்கொண்டார். 1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு மாடல் டி காரில் ஸ்டீயரிங்கின் இடப்பக்கத்தில் பொறிக்கென்றே ஒரு நெம்புகோல் இருந்தது. முன்பக்கம் இரும்புக் கம்பியைச் சுற்றிக் காரைக் கிளப்பும்போது பொறியைப் பின்தள்ளி வைக்கவேண்டும். மறந்தால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். மணிக்கட்டு முறிந்தவர்கள் பலர். கார் வேகமெடுத்த பிறகு பொறியை முன்தள்ளவேண்டும். எஞ்சின் ‘டக் டக்’ என்று தட்டினால் மறுபடியும் பின்தள்ளவேண்டும். காதுதான் கருவி.

அந்தத் தட்டலை நம் ஒர்க்‌ஷாப்களில் ‘நாக்கிங்’ என்பார்கள். பிளக்கிலிருந்து பரவும் தீ வந்துசேரும் முன்பே, மூலையில் மீந்திருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே பற்றிக்கொள்வதால் வரும் ஓசை அது. பின்னாளில் அந்த நெம்புகோலின் வேலையை டிஸ்ட்ரிபியூட்டர் ஏற்றது. உள்ளே சுழலும் எடைகள் வேகத்துக்கேற்பப் பொறியை முன்தள்ளின. 1985-இல் வெளிவந்த நம் முதல் புரோட்டோன் சாகாவிலும் டிஸ்ட்ரிபியூட்டர்தான். போர்மேன் அதைப் பிடித்து லேசாகத் திருப்பி, டைமிங் லைட் அடித்துப் பார்த்த காட்சி நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். இன்றைய கார்களில் கணினி அதைப் பார்த்துக்கொள்கிறது.

குறைந்ததை நிரப்பிய விமானம்

சிரிப்பு வாயுவும் எஞ்சினும் பெரிய அளவில் சந்தித்தது இரண்டாம் உலகப் போரில். விமானம் உயரே போகப்போகக் காற்று மெலிகிறது, எஞ்சினுக்கு ஆக்சிஜன் போதாமல் சக்தி குறைகிறது. ஜெர்மானியர்கள் நைட்ரஸ் ஆக்சைடைத் திரவமாக ஏற்றிச்சென்று எஞ்சினுக்குள் செலுத்தினார்கள். அந்த அமைப்புக்கு ‘ஜி.எம்.-1’ என்று பெயர். மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர்விமானத்தின் சில வகைகளில் அது பொருத்தப்பட்டது. பிரிட்டனும் மொஸ்கிட்டோ விமானங்கள் சிலவற்றில் இதே வாயுவைப் பயன்படுத்தியது.

இங்கே மாணவர்களின் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்தலாம். நைட்ரஸ் ஆக்சைடு எரிபொருள் அல்ல. அது தானாக எரியாது. எஞ்சினின் சூட்டில் பிளவுபட்டு ஆக்சிஜனைக் கொடுக்கும். எடைக்கணக்கில் காற்றில் ஆக்சிஜன் சுமார் 23 விழுக்காடு, நைட்ரஸ் ஆக்சைடில் சுமார் 36 விழுக்காடு. அந்தக் கூடுதல் ஆக்சிஜனுக்கு ஏற்பக் கூடுதல் பெட்ரோலும் கொடுத்தால்தான் கூடுதல் சக்தி. தவிர, திரவம் ஆவியாகும்போது கடுங்குளிர் உண்டாகும். அதன் கொதிநிலையே பூஜ்யத்துக்குக் கீழே 88 பாகை. அதனால் உள்ளே போகும் காற்றும் குளிர்ந்து அடர்த்தியாகிறது.

விமானத்துக்கு இது ஏன் பொருந்தியது? வானத்தில் எஞ்சின் காற்றில்லாமல் பாதிப் பட்டினி கிடந்தது. வாயு அந்தக் குறையை நிரப்பியது.

நிறைந்ததில் ஊற்றிய கார்

தரையில் ஓடும் காரின் கதை வேறு. அதற்குக் காற்று ஏற்கனவே முழுதாகக் கிடைக்கிறது. அதற்கு மேலும் ஆக்சிஜனைத் திணிப்பது நிறைந்த குடத்தில் ஊற்றுவதுபோல. ஆனாலும் வெற்றி ஆசை விடவில்லை. 1976-இல் அமெரிக்காவின் டேடோனா 500 பந்தயத் தகுதிச் சுற்றில் ஏ.ஜே. ஃபாய்ட், டாரல் வால்ட்ரிப் ஆகிய இரு பெரிய ஓட்டுநர்களின் நேரங்கள் நைட்ரஸ் விவகாரத்தில் செல்லாதென்று அறிவிக்கப்பட்டன. 1978-இல் கலிஃபோர்னியாவில் ‘நைட்ரஸ் ஆக்சைடு சிஸ்டம்ஸ்’ நிறுவனம் தொடங்கியது. அந்தப் பெயரின் முதலெழுத்துகள்தான் நம் பிள்ளைகள் வாயில் வரும் ‘நோஸ்’. ஒரு கடையின் பெயரே பொருளின் பெயராகிவிட்டது.

இனிதான் முதல் கேள்விக்குப் பதில். ஆக்சிஜன் மிகுந்த கலவையில் தீ வேகமாகப் பரவும். பழைய நேரத்திலேயே பொறி விழுந்தால், பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குள் அழுத்தம் உச்சத்துக்கு ஏறிவிடும். மேலே வரும் பிஸ்டனைக் கீழே அடிக்கும். ஊஞ்சலை எதிர்த்துத் தள்ளிய கதைதான். தட்டல் தொடங்கும், கேஸ்கெட் போகும், பிஸ்டனில் ஓட்டையே விழலாம். சாதாரண ஓட்டத்தில் தட்டல் கேட்டபிறகு சரிசெய்ய நேரமிருக்கும். நைட்ரஸ் ஓடும்போது சில விநாடிகளிலேயே எஞ்சின் கெட்டுவிடும். ஆகவே முன்கூட்டியே பொறியைப் பின்தள்ளி வைக்கிறார்கள்.

எவ்வளவு? பந்தய உலகில் அடிக்கடி சொல்லப்படும் தொடக்கக் கணக்கு, கூடுதலாகப் பெறும் ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் சுமார் 2 பாகை. எஞ்சினுக்கு எஞ்சின் இது மாறும். நிமிடத்துக்கு 6000 சுற்று வேகத்தில் கிராங்க் தண்டு ஒரு மில்லி விநாடியில் 36 பாகை சுற்றுகிறது. 100 குதிரைத்திறனுக்கு 4 பாகை பின்தள்ளினால், அது ஒரு விநாடியில் 9000-இல் ஒரு பங்கு. எஞ்சின் பிழைப்பதும் உடைவதும் அந்த இடைவெளியில்தான்.

இன்னொன்றும் உண்டு. குழாயிலிருந்து வாயு விநாடிக்கு ஒரே அளவில் வருகிறது. எஞ்சின் 3000 சுற்றில் ஓடினால், 6000 சுற்றில் கிடைப்பதைப்போல் இரு மடங்கு வாயு ஒவ்வொரு எரிப்புக்கும் சேரும். அதனால் எஞ்சின் போதிய வேகம் எடுத்து, பெட்ரோல் மிதி முழுதாக அழுத்தப்பட்ட பிறகே வாயுவைத் திறப்பார்கள். பொறியைத் தள்ளிப்போடுவது மட்டுமில்லாமல், வாயுவைத் திறக்கவும் காத்திருக்கவேண்டும். ஓட்டி முடித்ததும் பிளக்கைக் கழற்றி அதன் பீங்கானைப் பார்ப்பார்கள். அதில் பொடிப்பொடியாக அலுமினியப் புள்ளி தெரிந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

நம் பக்கத்துத் திடல்

இதெல்லாம் எங்கோ நடந்த கதை என்று மாணவர்கள் நினைக்கவேண்டாம். 1926-இலேயே ஃபோர்டு மலாயா நிறுவனம் சிங்கப்பூரில் தொடங்கிவிட்டது. 1960-களில் ஜொகூர் பாருவின் சாலைகளிலேயே ஜொகூர் கிராண்ட் பிரி நடந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கார்கள் பறந்தன. பொதுச்சாலைப் பந்தயத்தின் ஆபத்து உணரப்பட்டு, ஓட்டம் மெல்ல மெல்லத் தனித் திடல்களுக்குப் போனது. 1968-இல் ஷா ஆலாம் பத்து தீகா, 1986-இல் நம் பாசிர் கூடாங். 1998-இல் மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரி பாசிர் கூடாங்கில்தான் நடந்தது. தமிழ்நாட்டிலும் இப்படித்தான். சென்னைக்கு அருகே சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுபாதையில் பல்லாண்டு பந்தயம் ஓட்டியவர்களுக்கு 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் திடல் வந்தது. போருக்குப் பயன்பட்ட வாயுவும் பந்தயத்துக்கு வந்தது, போருக்குப் போட்ட ஓடுபாதையும் பந்தயத்துக்கு வந்தது.

திடலில் தடுப்பு உண்டு, மருத்துவர் உண்டு, தீயணைப்பு உண்டு. நெடுஞ்சாலையில் இரவு 2 மணிக்கு அவை எதுவும் இருக்காது. வேலை முடிந்து மோட்டாரில் வீடு திரும்பும் ஒருவர் மட்டும் எதிரே வரலாம். பொதுச்சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டுவது 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். இதை அறிவுரையாகச் சொன்னால் பிள்ளைகள் கேட்கமாட்டாங்க. வரலாறாகச் சொன்னால் காது கொடுப்பாங்க.

வகுப்பறைக்கு

முதலில் சொற்கள். ஒர்க்‌ஷாப்பில் ‘அட்வான்ஸ்’, ‘ரிட்டார்ட்’ என்பதை முற்படுத்தல், பிற்படுத்தல் என்று எழுதச் சொல்லலாம். நம் மாணவர்கள் சிலர் படிவம் 5 முடித்துத் தொழிற்கல்லூரிக்குப் போகிறார்கள். அங்கே பாடம் மலாயில், புத்தகம் ஆங்கிலத்தில். ‘ஏன்’ என்ற விளக்கத்தை வீட்டு மொழியில் ஒருமுறை கேட்டுவிட்டால், அது கையில் ஸ்பேனர் பிடிக்கும்போதும் கூடவே இருக்கும். பேச்சுமொழியில் ஒரு மாணவர் விளக்கட்டும், அதையே இன்னொருவர் எழுத்துமொழியில் ஒரு பத்தியாக்கட்டும்.

அடுத்து இலக்கியம். திருக்குறளின் 49-ஆவது அதிகாரம் காலமறிதல். ஊக்கமுள்ளவன் காத்திருப்பதைச் சண்டைக்கிடாய் தாக்கும்முன் பின்வாங்குவதற்கு வள்ளுவர் ஒப்பிடுகிறார். குறளை மாணவர்களே தேடி எடுத்து, பொறியைப் பிற்படுத்துவதோடு பொருத்தி எழுதட்டும். பொருத்தம் எங்கே நிற்கிறது, எங்கே நிற்கவில்லை என்றும் கேளுங்கள். கிடாய் தன் விருப்பத்தால் பின்வாங்குகிறது, எஞ்சினுக்கு அப்படியொரு விருப்பம் இல்லை. அதற்காக யோசிக்கவேண்டியவர் மனிதர்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். சிரிப்பு வாயு என்ற பெயரைக் கேட்டு முகர்ந்து பார்க்கும் ஆசை வரலாம். மருத்துவர் கண்காணிப்பின்றி முகர்ந்தால் மூச்சுத் திணறி உயிரே போகலாம். தொடர்ந்து முகர்ந்தால் உடலில் வைட்டமின் பி12 பயனற்றுப்போய் நரம்பு பாதிக்கும். இதை மறைக்காமல் சொல்லிவிடுங்க.

கலந்துரையாடலுக்கு மூன்று கேள்விகள்:

1. 1800-இல் எழுதப்பட்ட டேவியின் கருத்து 1844 வரை ஏன் காத்திருந்தது?
2. விமானத்துக்கும் காருக்கும் ஒரே வாயு ஏன் வேறு வேறு விளைவைத் தந்தது?
3. சாலையிலிருந்து திடலுக்குப் பந்தயம் மாறியதால் யார் யார் பயனடைந்தார்கள்?

உங்கள் வகுப்பில் மாணவர்கள் எழுதும் நல்ல பதில்களை நம் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த ஆசிரியருக்கு அது உதவும்.