படம் பார்த்துச் சொல்லும் சொல்

தைப்பிங் ஏரிப் பூங்காவை அறியாத மலேசியத் தமிழர் மிகச் சிலரே. ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட பள்ளங்கள் நீர் நிரம்பிக் குளங்களாகி, 1880ஆம் ஆண்டளவில் பூங்காவாக உருப்பெற்றன. கரையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் நீரின்மேல் கிளை தாழ்த்தி நிற்கும் அழகைக் காலைப் பொழுதில் காண்பவர், கையில் நிழற்படக் கருவி இல்லையே என்று வருந்துவர். மேற்கே சென்றால் மாத்தாங் சதுப்புநிலக் காடு. அப்பால் கோலா குலாவில் கடல் கடந்து வரும் வலசைப் பறவைகள். இத்தகைய ஊரில் ஆசிரியர் சிலர் விடுமுறை நாள்களில் படமெடுக்கப் புறப்படுவதும், எடுத்தவற்றை ஒருவருக்கொருவர் காட்டிக் கருத்துக் கேட்பதும் வியப்பன்று. அவர்களுள் நானும் ஒருவன்.

நிழற்படக் கலையின் வரலாற்றைப் பற்றி நாம் ஓரளவு அறிவோம். எடுத்த படத்தைப் பார்த்து உடன் பயில்வோர் கூறும் கருத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனைத் தேடிப் பார்க்கும் எண்ணம் எனக்கு என் தவறு ஒன்றினால் உண்டாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இளம் ஆசிரியர் ஒருவர் தாம் எடுத்த படமொன்றைக் கொண்டுவந்து காட்டினார். செம்பருத்தி வேலியில் தொங்கும் தேன்சிட்டின் கூடு, வாயிலில் அலகு பிளந்து நிற்கும் இரு குஞ்சுகள், இரையுடன் தாய்ப்பறவை. வெளிச்சம் கூட்டின்மீது முழுமையாக விழுந்திருந்தது. அனைவரும் பாராட்டினோம். வயதில் மூத்தவன் என்ற முறையில் நான் சற்று மிகுதியாகவே பாராட்டினேன். “அடர்ந்த வேலிக்குள் இவ்வளவு வெளிச்சம் எப்படிக் கிடைத்தது, தம்பி?” என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மறைத்து நின்ற கிளைகளை அவர் வெட்டியிருந்தார். இரண்டு நாள் கழித்து அவரே வந்து, “கூடு வெறுமையாகக் கிடக்கிறது, ஐயா” என்றார். நேர்வெயில் தாக்கிற்றோ, காக்கையின் கண்ணில் பட்டதோ, அறியோம். கிளையை வெட்டியவர் அவர். அவ்வாறு எடுத்த படத்தை உயர்ந்தது என்றவன் நான்.

கூட்டைப் படமெடுக்கும் வழக்கம் பழமையானது. இங்கிலாந்தில் ரிச்சர்டு கியர்ட்டன், செரி கியர்ட்டன் என்னும் உடன்பிறப்புகள் 1892இல் பறவைக் கூடொன்றை முட்டைகளுடன் படமெடுத்தனர். அவர்களது பறவைக் கூடுகள் பற்றிய நூல் 1895இல் வெளிவந்தது. அதே ஆண்டில் ஆர். பி. லாட்ஜ் என்பவர், கூட்டில் அமர்ந்த ஆட்காட்டி இனப் பறவையொன்றைப் படமாக்கினார். அக்காலத்துக் கருவியோ கனமானது. கண்ணாடித் தகடோ ஒளியை மெல்ல ஏற்பது. பறக்கும் பறவையைத் துரத்திப் பிடிக்க அதனால் இயலாது. பறவை தவறாமல் திரும்பி வரும் ஒரே இடம் கூடு. ஆகவே அங்கே காத்திருந்தனர். கியர்ட்டன் சகோதரர்கள் உள்ளே ஆள் ஒளிந்துகொள்ளும் செயற்கை எருது ஒன்றைக்கூடச் செய்து வயலில் நிறுத்தினர் என்றால், அவர்தம் ஆர்வத்தை என்னென்பது!

இவ்வாறு எடுத்த படங்களை மதிப்பிடுவது யார்? நகரத்து நிழற்படச் சங்கங்களில் ஓவிய அழகே அளவுகோலாக இருந்தது. உயிரினங்களைப் படமெடுத்தோர் தமக்கெனத் தனிக் கழகம் தேடினர். 1899இல் அங்கே விலங்கியல் நிழற்படக் கழகம் தோன்றியது. அதன் முறை எளியது. படங்களைத் தொகுத்து அஞ்சலில் ஓர் உறுப்பினருக்கு அனுப்புவர்; அவர் பார்த்துக் கருத்தெழுதி அடுத்தவருக்கு அனுப்புவார். தொகுப்பு சுற்றித் திரும்பும்போது படத்திற்குரியவர் அனைவர் கருத்தையும் படித்தறிவார். எழுதியவரின் படமும் பிறர் கருத்துக்காகச் சுற்றில் செல்வதனால், வாய்க்கு வந்தபடி எழுத யாருக்கும் துணிவு வாராது. இன்று கைப்பேசியில் வரும் படத்திற்குப் படம் திறக்கும் முன்னரே ‘அருமை’ என்று எழுதிவிடும் நம் அவசரத்தை அதனோடு ஒப்பிட்டால் நாணமே மிஞ்சுகிறது.

நம் நாட்டிலும் இத்துறையில் பெரியவர் ஒருவர் வாழ்ந்தார். கோலாலம்பூரில் 1915இல் பிறந்த லோக் வான் தோ, இளமையில் லாருட் ஈயவயல்களில் பாடுபட்ட லோக் இயூவின் மைந்தர். திரைப்படத் தொழிலில் பெருஞ்செல்வர். 1942இல் சிங்கப்பூரை விட்டு நீங்குகையில் அவர் சென்ற கப்பல் குண்டு வீச்சுக்கு இரையாயிற்று. தீப்புண்களுடன் உயிர் தப்பி, பின்னர் இந்தியாவை அடைந்தார். பம்பாயில் பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் நட்பு வாய்த்தது. படமெடுப்பவர் ஒருவர், பறவையின் வாழ்வை அறிந்தவர் மற்றொருவர். இருவரும் சேர்ந்து பயணங்கள் மேற்கொண்டனர். 1957இல் வெளிவந்த லோக்கின் பறவை நூலில் அந்த நட்பின் பயனைக் காணலாம். விலையுயர்ந்த கருவி வாங்கும் வசதி அவருக்கு எப்போதும் இருந்தது. பறவை அறிந்த கண்ணைப் பணம் கொடுத்து வாங்க இயலுமோ? 1964இல் தைவானில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார்.

தமிழர்க்கு உரியவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தராக 1912இல் பிறந்த அவர், 1950 தொடங்கி 1996இல் மறையும் வரை கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கை பற்றிய பத்தி எழுதிவந்தார். தமிழிலும் எழுதினார். பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவில், பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில், முதுமலை போன்ற காடுகளில் யானைகளையும் பிற விலங்குகளையும் படமெடுத்தார். அவருடைய படத்தைப் பார்ப்போர் ‘எவ்வளவு அழகு’ என்று சொல்வதற்கு முன், ‘இந்த யானை என்ன செய்கிறது’ என்று கேட்பர். அக்கேள்வியை எழுப்புவதையே நான் அப்படங்களின் சிறப்பாகக் கருதுகிறேன். பெங்களூரில் வாழ்ந்த டி. என். ஏ. பெருமாளோ வேறு வகையில் நமக்கு நெருங்கியவர். மூத்தவரான எட்வர்ட்ஸிடம் பயின்ற அவர், 2017இல் மறையும் வரை இளையோர் பலருக்கு வழிகாட்டியாக விளங்கினார்.

ஆசிரியர்களாகிய நமக்கு இம்முறை புதிதன்று. 1950இல் ‘தமிழ் நேசன்’ இதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய ‘கதை வகுப்பு’ புதிய எழுத்தாளர்களின் படைப்புகளை ஆராய்ந்து குறைநிறை கூறியது. பின்னர் 1952இல் மலாயா வந்த கு. அழகிரிசாமி ‘இலக்கிய வட்டம்’ கூட்டிக் கதைகளை விவாதிக்கச் செய்தார். மலேசியத் தமிழ்ச் சிறுகதை அவற்றால் வளர்ந்ததென்பது யாவரும் ஒப்பிய செய்தி. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கதையின் குறை தாளோடு போகும். அடித்துத் திருத்தினால் தீர்ந்தது. கூட்டின் படத்தில் நேர்ந்த குறைக்குத் திருத்தம் ஏது?

இவ்வுண்மையை உலகச் சங்கங்கள் மெல்ல உணர்ந்தன. மறைக்கும் கிளைகளை வெட்டாமல் கட்டி ஒதுக்கி, படமெடுத்தபின் முன்போல் அவிழ்த்துவிடுக என்பது முதலில் எழுந்த அறிவுரை. தொலைவிலிருந்து எடுக்கும் வில்லைகள் பெருகியபின், கூட்டை நெருங்கவே வேண்டாம் என்போர் பலராயினர். 2014இல் மூன்று பெரிய நிழற்பட அமைப்புகள் கூடி இயற்கைப் படத்திற்குப் பொதுவான வரையறை கண்டன. ஓவிய அழகினும் அப்படம் உரைக்கும் இயற்கைச் செய்தியே மிகுதியாக மதிக்கப்பட வேண்டும் என்கிறது அது. படத்தைவிட உயிரினத்தின் நலமே பெரிது என்பதும் இன்று நெறியாக ஏற்கப்பட்டுள்ளது.

எங்கள் சிறு வட்டத்திலும் வழக்கம் மாறிற்று. படத்தைக் காட்டுபவர் முதலில் அது என்ன உயிர், எங்கே, எவ்வளவு தொலைவிலிருந்து எடுத்தது என்று கூறவேண்டும். பார்ப்பவர் தாம் கண்டதைக் கூறிய பின்னரே குறையைக் கூறலாம். அதுவும் அடுத்த முறை என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்து. ‘நன்றாக இல்லை’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், தேநீருக்குக் காசு கொடுப்பது அவர் பொறுப்பு. நான் இருமுறை கொடுத்திருக்கிறேன்.

அந்த இளம் ஆசிரியர் ஓராண்டுக் காலம் படம் எதுவும் காட்டவில்லை. அண்மையில் ஒன்று கொண்டுவந்தார். ஏரிக்கரை, மழை ஓய்ந்த நேரம், வெகு தொலைவில் கிளையொன்றில் இறகு நனைந்த மீன்கொத்தி. பறவை படத்தில் மிகச் சிறிதாகவே தெரிந்தது. “இன்னும் நெருங்கியிருந்தால் பறந்திருக்கும், ஐயா” என்றார். நீர்ப்பரப்பு இடப்புறம் சற்றே சரிந்திருந்தது. அதை மட்டும் சுட்டிக் காட்டினேன்.