எசமான் மாறின கேம் பேடு

போன ஞாயித்துக்கிழமை பரணை ஒழிச்சே ஆகணும்னு வீட்டம்மா உத்தரவு. ஏறிப் பார்த்தா செத்துப்போன யூ.பி.எஸ். ஒண்ணு, ஆட்டுக்கல் சைஸ்ல ஒரு பழைய மானிட்டர், ஒரு மஞ்சப்பை நிறைய வயருங்க. அதுக்கு நடுவுல கருப்பா ஒரு கேம் பேடு. பிளேஸ்டேஷன் 3-க்கு வர்ற பேடு. எங்க வீட்ல பிளேஸ்டேஷன்னு ஒண்ணு என்னிக்குமே இருந்ததில்லை. அப்புறம் பேடு மட்டும் எப்படி வந்துச்சுன்னு கேக்கறீங்களா? அதாங்க இன்னிக்குப் பதிவு. கொசுவத்தியைக் கொளுத்திட்டேன், கொஞ்சம் பொறுத்துக்கங்க மக்களே :-)

2012-ஆம் வருஷத்தை சேலம், நாமக்கல் பக்கம் இருந்தவங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க. கரண்ட் கட்! ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். சில நாள் போனது போனதுதான். இந்தப் பக்கம் மேட்டூர்ல அனல்மின் நிலையம், அணையில புனல்மின் நிலையம், ரெண்டையும் வெச்சுக்கிட்டு நாங்க விசிறிமட்டையோட திண்ணையில உக்காந்திருந்தோம். (அந்தக் கதைக்குத் தனிப் பதிவு போடணும். இப்ப வேண்டாம், பி.பி. ஏறும்.)

அந்த வருஷம்தான் எங்க பெரியம்மா பையனுக்கு அடிபட்டது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியைப் பத்தி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்தியாவுல எந்த மூலையில போர் போட்டாலும் பக்கத்துல போய் வண்டி நம்பரைப் பாருங்க, பாதிக்குப் பாதி நம்மூர்ப் பக்கத்து வண்டியா இருக்கும். அண்ணன் அதுல டிரில்லர். மத்தியப் பிரதேசத்துல ஒரு காட்டுல கேசிங் பைப்பு சரிஞ்சு தொடை எலும்பு ரெண்டு துண்டு. ஆபரேஷன் பண்ணி, பிளேட் வெச்சு, ஊருக்குக் கொண்டாந்து கட்டில்ல போட்டாச்சு. நாலு மாசம் எந்திரிக்கக் கூடாது, மல்லாக்கத்தான் படுக்கணும்னுட்டார் டாக்டர்.

வருஷத்துல பத்து மாசம் ஊர் ஊரா சுத்தின மனுஷன். ரெண்டே வாரத்துல ஆளு சுருங்கிட்டார். டிவி அலுத்துப்போச்சு. வர்றவங்ககிட்ட எல்லாம் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, கடைசில பேச்சையே நிறுத்திட்டார். எங்க பெரியம்மா எனக்கு போனைப் போட்டு அழுதுச்சு. நான் என்ன பண்ணுவேன், எனக்குத் தெரிஞ்சது கம்ப்யூட்டர். என் பழைய பெட்டியைத் தூக்கிட்டுப் போய் கட்டிலுக்கு எதுத்தாப்ல மேசையில வெச்சு, ஒரு டேட்டா கார்டும் செருகிக் குடுத்தேன்.

வெச்சப்புறம்தான் உறைச்சுது. மல்லாக்கப் படுத்திருக்கறவர் மவுசை எங்க வெச்சு நகர்த்துவார்? வயர் இல்லாத மவுசும் பார்த்தேன். அதுக்கும் அடியில ஒரு தட்டையான இடம் வேணும். மெத்தையில வெச்சா தடுமாறுது, வயித்து மேல வெச்சா சட்டைச் சுருக்கத்துல மாட்டுது. கீபோர்டை நெஞ்சு மேல வெச்சா மூச்சு முட்டுது. அப்பத்தான் தோணுச்சு, எதன் மேலயும் வைக்காம, அந்தரத்துல ரெண்டு கையில புடிச்சுக்கற ஒரே சாமான் கேம் பேடுதான்னு.

சரி, பேடை கம்ப்யூட்டரோட சேர்க்கற வரலாறு என்னன்னு கொஞ்சம் பார்த்துடுவோம். எனக்கு இதுல ஒரு தனிப் பைத்தியம் உண்டு.

1981-ல ஐ.பி.எம். முதல் பி.சி.யைக் கொண்டாந்தப்பவே ஜாய்ஸ்டிக் செருகறதுக்குன்னு 15 முள்ளு போர்ட்டோட ஒரு அட்டையையும் வித்துச்சு. ஆனா கன்சோல் பேடு எதுவும் அதுல போகாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு வாய். 90கள்ல நம்ம வீடுகளுக்கு வந்துச்சே கேசட் போட்டு ஆடற டிவி கேம், அதெல்லாம் 1983-ல நிண்டெண்டோ ஜப்பான்ல விட்ட ஃபேமிகாமோட நகலுங்க. அந்த ஒரிஜினல் ஃபேமிகாம்ல பேடைக் கழட்டவே முடியாது. வயர் நேரா பெட்டிக்குள்ள போயிடும், அதுவும் முழம் நீளத்துக்கு. நகல் எடுத்தவங்கதான் கழட்டற மாதிரி 9 முள்ளு பிளக் வெச்சாங்க. நகல்காரன் ஒரிஜினலை விடத் தாராளமா இருந்த ஒரே இடம் அதுதான்னு நினைக்கிறேன்.

கழட்ட முடிஞ்சா சும்மா இருப்பமா? உலகம் பூரா பசங்க சால்டரிங் அயர்னை எடுத்துக்கிட்டு, நிண்டெண்டோ பேடையும் பிளேஸ்டேஷன் பேடையும் பி.சி.யோட பிரிண்டர் போர்ட்டுல ஒட்ட வெச்சாங்க. அதை விண்டோஸ் புரிஞ்சுக்கறதுக்கு டைரக்ட்பேடு ப்ரோன்னு ஒரு இலவச டிரைவர். லினக்ஸ்ல கேம்கான்னு ஒண்ணு. பிரிண்டர் போர்ட்டுங்கறது அடிப்படையில உள்ளே போக நாலஞ்சு கம்பி, வெளியே வர எட்டு கம்பி, அவ்வளவுதான். யார்கிட்டயும் உத்தரவு கேக்க வேண்டியதில்லை. எந்தக் கம்பி எதுக்குன்னு கண்டுபிடிச்சா வேலை முடிஞ்சுது.

வயரை எடுத்ததும்தான் வில்லங்கம் ஆரம்பிக்குது.

வயர் இல்லாத பேடு புதுசு ஒண்ணும் இல்லை. அட்டாரி 1983-லயே ஏரியல் முளைச்ச ஜாய்ஸ்டிக் வித்துச்சு, கையில புடிச்சா செங்கல் மாதிரி இருக்கும். நம்பி ஆடற மாதிரி வந்தது 2002-ல நிண்டெண்டோ விட்ட வேவ்பேர்டு. அப்புறம் 2005-ல எக்ஸ்பாக்ஸ் 360, 2006-ல பிளேஸ்டேஷன் 3. இந்த ரெண்டுலயும் வயர் இல்லாத பேடுதான் சாதாரணம்னு ஆச்சு. வேவ்பேர்டுல இருந்து இந்த மூணுமே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்.

இங்க நம்ம நாட்டுச் சட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை. 1933-ல வெள்ளைக்காரன் போட்ட இந்திய வயர்லெஸ் டெலிகிராபி சட்டப்படி, லைசன்ஸ் இல்லாம வயர்லெஸ் கருவி எதையும் வெச்சிருக்கறதே குத்தமா இருந்துச்சு. பயன்படுத்தறது இல்லீங்க, வெச்சிருக்கறதே! எங்க தாத்தா மர்ஃபி ரேடியோவுக்கு வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸ்ல பணம் கட்டி நோட்டுல ஸ்டாம்பு ஒட்டிக்கிட்டு வந்தது அந்தச் சட்டத்தாலதான். சுதந்திரம் வந்து பல வருஷம் கழிச்சும் அதே சட்டம்தான் இருந்துச்சு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில குறைஞ்ச சக்தியில இயங்கற கருவிங்களுக்கு, வீட்டுக்குள்ளேயும் வெளியேயும் லைசன்ஸ் வேண்டாம்னு மத்திய அரசு விதி போட்டது 2005 ஜனவரியில. வைஃபை, புளூடூத் எல்லாம் நம்மூர்ல கூச்சமில்லாம நடமாடறது அந்த விதியாலதான். எக்ஸ்பாக்ஸ் 360 இந்தியாவுக்கு வந்தது 2006 செப்டம்பர்ல. பிளேஸ்டேஷன் 3 வந்தது 2007 ஏப்ரல்ல, விலை நாப்பதாயிரத்துக்குப் பத்து ரூபா கம்மி. அன்னிக்கு ஒரு நல்ல டிவிஎஸ் வண்டியே வாங்கிடலாம்.

ஆக அரசாங்கம் பூட்டைத் திறந்துடுச்சு. கம்பெனிங்க திறந்தாங்களா?

மைக்ரோசாஃப்ட், விண்டோசையே விக்கிற கம்பெனி. அது பண்ணின கூத்தைக் கேளுங்க. 360-ஓட வயர்லெஸ் பேடு புளூடூத் பேசாது, சொந்தமா ஒரு பாஷை. பி.சி.யில வேணும்னா தனியா ஒரு ரிசீவர் வாங்கணும், அது வந்ததே 2007-ல. சரி, சார்ஜ் பண்ற கேபிளைத்தான் யூ.எஸ்.பி.யில செருகலாமேன்னா, செருகலாம், சார்ஜ் ஏறும். ஆனா பட்டன் அமுக்கற சேதி மட்டும் அந்தக் கம்பி வழியா வராது. கம்பி இருந்தும் கம்பியில பேசாத ஜென்மம்!

சோனி பேடு வேற ரகம். அது புளூடூத்தேதான், ஊர்ல பாதி போன்ல இருந்த அதே புளூடூத். ஆனா சாதாரண புளூடூத் மாதிரி தேடிக் கண்டுபிடிச்சு ஜோடி சேர்க்க முடியாது. பேடை யூ.எஸ்.பி. கம்பியில கன்சோலோட ஒரு தடவை செருகணும். அப்ப கன்சோல் தன்னோட புளூடூத் விலாசத்தை பேடுக்குள்ள எழுதிடும். அதுக்கப்புறம் நடு பட்டனை அமுக்கினா, பேடு அந்த ஒரு விலாசத்தை மட்டும்தான் கூப்பிடும். உலகத்துல வேற யார் கூப்பிட்டாலும் காது கேக்காது.

இதை 2007-லயே லினக்ஸ்காரங்க கண்டுபிடிச்சுட்டாங்க. கன்சோல் எழுதற அதே இடத்துல நாமளும் எழுதினா என்னன்னு கேட்டு, சிக்ஸ்பேர்னு ஒரு சின்ன சி நிரல். ரெண்டு மூணு பக்கம்கூட வராது.

இப்ப அண்ணன் கட்டிலுக்கு வருவோம்.

முதல்ல நான் போய் வாங்கினது சேலத்துல ஒரு கடையில, பார்க்க ஒரிஜினல் மாதிரியே இருந்த ஒரு நகலை. அறுநூறு ரூபா. கொண்டுபோய்ச் செருகினா, செருகின நிமிஷத்துல இருந்து அதிருது. நிக்கவே மாட்டேங்குது. அண்ணன் ரெண்டு மாசத்துல முதல் தடவையா வாயைத் திறந்து, "என்றா தம்பி இது, கம்ப்ரசர் மேல கையை வெச்சாப்ல அதிருது?"ன்னார். "நகலுங்கண்ணா"ன்னேன். சிரிச்சார். பெரியம்மா அடுப்படியில இருந்து ஓடிவந்து எட்டிப் பாத்துச்சு. அறுநூறு ரூபா அதுக்கே சரியாப் போச்சுன்னு வெச்சுக்கங்க. (இந்த அதிர்ற வியாதி எனக்கு மட்டும் வந்தது இல்லை. பின்னாடி லினக்ஸ் கெர்னலோட சோனி டிரைவர்லயே, இப்படி செருகினதும் துடிக்கிற நகல் பேடுங்களை அடக்கறதுக்குன்னு தனியா வரி சேர்த்தாங்க.)

அப்புறம் பெங்களூர்ல இருக்கற கூட்டாளி ஒருத்தன் ஒரிஜினல் குடுத்தனுப்பினான். 2007-ல பிளேஸ்டேஷன் வாங்கினவன், கல்யாணம் ஆனதும் கன்சோலை எவனுக்கோ வித்துட்டான், ரெண்டு பேடுல ஒண்ணு தவறி வீட்டுலயே தங்கிடுச்சு. இது சிக்ஸாக்சிஸ்னு முதல் மாடல். இதுல அதிர்ற மோட்டாரே கிடையாது. காரணம் ஒரு வழக்குன்னு சொல்வாங்க. இம்மர்ஷன்னு ஒரு கம்பெனி, அதிர்ற பேடு எங்க காப்புரிமைன்னு 2002-ல சோனி மேல கேஸ் போட்டு ஜெயிச்சுது. 2007 மார்ச்ல சமாதானம் ஆச்சு. ஆனா பிளேஸ்டேஷன் 3-க்கு ஆரம்பத்துல சோனி வித்தது அதிராத பேடுதான். ஆடறவங்க எல்லாம் திட்டினாங்க. படுத்துக்கிட்டு அந்தரத்துல தூக்கிப் புடிக்கிற ஆளுக்கு, மோட்டார் இல்லாத லேசான பேடு எவ்வளவு தோது பாருங்க.

உபுண்டு போட்டு, நூத்தம்பது ரூபா புளூடூத் டாங்கிளைச் செருகி, கரண்ட் இருந்த ஒரு மணி நேரத்துக்குள்ள சிக்ஸ்பேரை கம்பைல் பண்ணி ஓட்டினேன். திரையில ரெண்டே வரி. இப்போதைய மாஸ்டர் இன்னார்னு ஒரு விலாசம். மாஸ்டரை மாத்தறேன்னு இன்னொரு விலாசம். முதல் வரி, பெங்களூர்ல முகம் தெரியாத எவன் வீட்டுலயோ இருக்கற கன்சோல். கூட்டாளி வித்து மூணு வருஷம் ஆச்சு. பேடு இன்னும் அதையே எசமான்னு நெஞ்சுக்குள்ள வெச்சிருந்திருக்கு. ரெண்டாவது வரி எங்க நூத்தம்பது ரூபா டாங்கிள்.

கம்பியைக் கழட்டி நடு பட்டனை அமுக்கினேன். நாலு சிவப்பு லைட்டு கண்ணடிச்சுது, அப்புறம் ஒண்ணு மட்டும் நின்னுச்சு. க்யூஜாய்பேடுன்னு ஒரு மென்பொருள்ல இடது குச்சியை மவுஸ் அம்புக்கும், வலது குச்சியை பக்கம் தள்றதுக்கும், பட்டன் ஒண்ணை கிளிக்குக்கும் குடுத்து அண்ணன் கையில வெச்சேன்.

நான் சொல்லிக் குடுக்க நினைச்சேன். தேவைப்படலை. பதினெட்டு வருஷம் ரிக் வண்டி லீவரைப் புடிச்ச கை அது. குச்சியை நுனி விரல்ல தொட்டு, எவ்வளவு தள்ளினா எவ்வளவு ஓடுதுன்னு ஒரே நிமிஷத்துல புடிச்சுட்டார். கேம் ஒண்ணு ரெண்டு போட்டேன், பிடிக்கலை. அவர் பண்ணினது என்ன தெரியுமா? படிச்சார். நம்ம மக்க எழுதற பதிவுகளைத்தான். நாலு மாசம், கரண்ட் இருக்கற நேரமெல்லாம், வலது கட்டை விரலால தள்ளித் தள்ளி. மூணாவது மாசம் திரைக் கீபோர்டுல ஒவ்வொரு எழுத்தா குத்தி, அரை மணி நேரம் பாடுபட்டு, தங்கிலீஷ்ல ஒரு வரி பின்னூட்டம்கூட எங்கயோ போட்டார். உங்கள்ல யாருக்காவது 2012-ல 'nalla iruku'ங்கற அர்த்தத்துல பேரில்லாம ஒண்ணு வந்திருந்தா, அது எங்க அண்ணனா இருக்கலாம் :-)

விண்டோஸ்காரங்க கதை வேற மாதிரி போச்சு. அங்க அப்ப புது கேமெல்லாம் பெரும்பாலும் எக்ஸ்பாக்ஸ் பேடைத்தான் மதிச்சுது. அதனால ஸ்கார்லெட் கிரஷ்னு ஒரு புனைபெயர்க்காரர் எழுதின டிரைவர், சோனி பேடுக்கு எக்ஸ்பாக்ஸ் பேடு வேஷம் கட்டி விண்டோஸ் முன்னாடி நிறுத்துச்சு. அதை நெஃபாரியஸ்னு இன்னொருத்தர் எடுத்து வளர்த்தார். சம்பளம் இல்லாத வேலை, வருஷக் கணக்கா.

2013-ல வந்த டூயல்ஷாக் 4, சாதாரண புளூடூத் மாதிரியே ஜோடி சேர்ந்துச்சு. 2016-ல எக்ஸ்பாக்ஸ் பேடும் புளூடூத் பேச ஆரம்பிச்சுது, சோனியும் அதே வருஷம் பி.சி.க்குன்னு அடாப்டர் வித்துச்சு. பிளேஸ்டேஷன் 5 பேடுக்கு லினக்ஸ் டிரைவரை சோனியே எழுதிக் குடுத்து, 2021-ல கெர்னல்ல சேர்ந்துச்சு. பழைய பிளேஸ்டேஷன் 3 பேடுக்குக்கூட இப்ப சிக்ஸ்பேர் வேண்டாம். லினக்ஸ்ல யூ.எஸ்.பி.யில செருகினா புளூடூத் மென்பொருளே விலாசத்தை எழுதிக்கும்.

அண்ணன் அடுத்த வருஷமே திரும்ப ரிக்குக்குப் போயிட்டார். இப்ப கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பார், வண்டி ஏறறதில்லை, புரோக்கர் வேலை. பரண்ல பேடு கிடைச்ச சேதியைச் சொன்னதும் பையனைக் கூட்டிக்கிட்டு வந்தார். பையன் காலேஜு. அவன் பையில ஒரு புது பேடு, என் லேப்டாப்ல ஒரு நிமிஷத்துல சேர்த்துக் காட்டிட்டு, "இதுல என்னங்க சித்தப்பா பெரிய விஷயம்?"னான். அவங்கப்பன் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒண்ணும் சொல்லலை.

அந்தப் பழசை ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டு அண்ணன் கையில குடுத்தேன். கட்டை விரல் ரெண்டும் தானா குச்சி மேல போய் உக்காந்துச்சு. நடு பட்டனை அமுக்கினார். நாலு சிவப்பு லைட்டும் கண்ணடிக்க ஆரம்பிச்சுது. நூத்தம்பது ரூபா டாங்கிளைத் தேடுது. அது அந்த மஞ்சப்பைக்குள்ளதான் எங்கயோ கிடக்கணும், பையன் கையை விட்டுத் துழாவிக்கிட்டிருந்தான்.