ஆள் இருக்கா, இல்லையா?

போன மார்கழியில் அம்மா வழுக்கி விழுந்துவிட்டாள். எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அப்பா போனபிறகு அம்மா அங்கே தனியாகத்தான் இருக்கிறாள். நான் நாக்பூரில் வங்கியில் ஆணி பிடுங்கிக்கொண்டிருக்கிறேன், தம்பி பெங்களூரில். விடிகாலையில் புறவாசலில் விழுந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. ஆறு மணியாகியும் வாசலில் கோலத்தைக் காணோமே என்று எதிர்வீட்டு மதினி தேடிக்கொண்டு வந்ததால் கணுக்காலில் ஒரு மாவுக்கட்டோடு போயிற்று.

அடுத்த வாரமே தம்பி போன் செய்தான். "அண்ணே, வீட்டுல மோஷன் சென்சார் வெச்சிரலாம். காலைல ஏழு மணிக்குள்ள அம்மா நடமாடலன்னா நம்ம ரெண்டு பேருக்கும் மெசேஜ் வந்துரும்." படமும் அனுப்பினான். வெள்ளைப் பெட்டி, முகத்தில் வரிவரியாகப் பிளாஸ்டிக். அட, இது நம்ம பழைய எதிரியாச்சே!

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் 31. கணக்கு முடிக்கிற ராத்திரி. மீட்டிங் அறையில் தனியாக உட்கார்ந்து, டேலி ஆகாத ஒரு தொகையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொட்டென்று விளக்கு அணைந்தது. கையை ஆட்டினால் எரிந்தது. மறுபடி பேப்பரில் மூழ்கினால் மறுபடி இருட்டு. ராத்திரி பதினோரு மணிக்கு ஒற்றை ஆளாகக் கும்மி அடித்துக்கொண்டே கணக்கு முடித்தேன். அறையில் ஒரு ஆள் முழுசாக உட்கார்ந்திருக்கும்போது 'யாரும் இல்லை' என்று அந்தப் பெட்டி எப்படி முடிவு செய்தது? அம்மா விஷயம் வந்தபிறகுதான் அதை ஒழுங்காகப் படித்துப் பார்த்தேன். பி.காம். படித்தவன் இயற்பியல் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

ஆரம்பம் திருடனிலிருந்துதான். 1853ல் அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்தைச் சேர்ந்த அகஸ்டஸ் போப் என்பவர் மின்சாரத் திருட்டு மணிக்குக் காப்புரிமை வாங்கினார். கதவையோ ஜன்னலையோ திறந்தால் மணி அடிக்கும். 1857ல் எட்வின் ஹோம்ஸ் அந்த உரிமையை விலைக்கு வாங்கிப் பெரிய தொழிலாக ஆக்கினார். ஆனால் அந்த மணிக்குக் கதவும் ஜன்னலும்தான் தெரியும். ஓட்டைப் பிரித்து இறங்குகிறவனையும், சாயங்காலமே உள்ளே ஒளிந்துகொண்டவனையும் தெரியாது. அறைக்குள்ளே ஆள் இருக்கிறானா என்று கேட்க வேறு வழி தேவைப்பட்டது.

அந்த வழியைக் காட்டியவர்களில் முக்கியமானவர் சாமுவேல் பாக்னோ. 1953ல் காப்புரிமை பெற்றார். மூடிய அறைக்குள் காதுக்குக் கேட்காத ஒலியை நிரப்புவார். எதுவும் அசையாவிட்டால், போன ஒலி அதே அலைவரிசையில் திரும்பி வரும். யாராவது நடந்தால் அது கொஞ்சம் மாறி வரும். வருகிற ரயிலின் ஹாரன் நம்மைத் தாண்டியதும் சுருதி இறங்குகிறதே, அதே கதைதான். டாப்ளர் 1842ல் சொன்ன விதி. சிக்கல் என்னவென்றால், மின்விசிறி சுற்றினாலும் திரைச்சீலை ஆடினாலும் அந்தக் கருவிக்குத் திருடன்தான்!

நம்ம வெள்ளைப் பெட்டி வேறு ஜாதி. இது எதையும் அனுப்புவதில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். எதை? நம் உடம்புச் சூட்டை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் இருப்பதை 1800ல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு வெளியே, நிறமே இல்லாத இடத்தில் சூடு அதிகமாக இருந்தது.

அந்தச் சூட்டை மின்சாரமாக்குகிற சங்கதி வந்த வழி இன்னும் சுவாரசியம். அது நம்ம பக்கத்து வீடான இலங்கையிலிருந்து போனது. 1700களின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் அங்கிருந்து ஒருவகை வண்ணக் கல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். சூடாக்கினால் அந்தக் கல் சாம்பலைத் தன்பக்கம் இழுத்தது. புகைபிடிக்கிற குழாயிலிருந்து சாம்பல் எடுக்க அதைப் பயன்படுத்தி, 'சாம்பல் இழுப்பான்' என்றே பெயரும் வைத்தார்கள். சிங்களத்தில் வண்ணக் கற்களைக் குறிக்கும் 'தோரமல்லி' என்ற சொல்தான் டூர்மலின் ஆயிற்று. இழுப்பது மின்சாரம் என்று 1756ல் ஏபினஸ் நிரூபித்தார். 1824ல் டேவிட் புரூஸ்டர் அதற்குப் 'பைரோ எலெக்ட்ரிசிட்டி' என்று பெயர் சூட்டினார். வெப்பம் மாறும்போது மின்சாரம் தரும் குணம். 'மாறும்போது' என்ற வார்த்தையைக் கவனியுங்கள், எல்லாச் சூட்சுமமும் அதில்தான்.

இன்றைய சென்சாருக்குள் டூர்மலின் இல்லை. அதே குணமுள்ள செயற்கைப் படிகமோ பீங்கானோ, பெரும்பாலும் இரண்டு துண்டுகளாக, எதிரும் புதிருமாக இணைக்கப்பட்டிருக்கும். அறை மொத்தமும் சூடேறினால் ஒன்றை ஒன்று ரத்து செய்துவிடும், நம்ம பற்று வரவு மாதிரி. ஆள் குறுக்கே நடந்தால் முதலில் ஒன்று சூடு வாங்கும், பிறகு மற்றது. அந்த வித்தியாசம்தான் 'ஆள்'. முகப்பில் இருக்கும் வரிப் பிளாஸ்டிக், 1823ல் பிரான்ஸின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஃப்ரெனல் பொருத்திய லென்ஸின் பேரப்பிள்ளை. அறையைப் பல பட்டைகளாகப் பிரித்துக் காட்டும்.

ஆக, அந்தப் பெட்டிக்கு மனிதனைத் தெரியாது. மாற்றத்தை மட்டும்தான் தெரியும். அசையாமல் உட்கார்ந்து கணக்குப் பார்த்த நான் அதற்கு ஒரு நாற்காலி. நாக்பூரின் மே மாத வெயிலில் ஏசி இல்லாத அறையின் சூடும் உடம்புச் சூடும் ஒன்றாகிவிட்டால், நடந்தாலே கோட்டை விடும்.

திருடனைப் பிடிக்க வந்தது விளக்கை அணைக்கப் போனது எப்படி? 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, ஆளில்லாத அறையில் எரிகிற விளக்கு செலவுக் கணக்கில் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. மெதுமெதுவாக அமெரிக்க அலுவலகங்களுக்குள் இந்தச் சென்சார்கள் நுழைந்தன. நம் நாட்டில் மே 2007ல் வந்த எரிசக்தி சேமிப்புக் கட்டட விதி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில் மீட்டிங் அறை, வகுப்பறை, 30 சதுர மீட்டருக்குக் குறைந்த அலுவலக அறை இவற்றிலெல்லாம் இது வேண்டும் என்றது. என்னைக் கும்மியடிக்க வைத்ததன் பூர்வீகம் இதுதான்.

மூன்றாவது வேலைதான் இடிக்கிறது. 2016 ஜனவரியில் லண்டனில் டெய்லி டெலிகிராஃப் நிருபர்கள் ஒரு திங்கட்கிழமை வேலைக்கு வந்தபோது, மேஜைக்கு அடியில் சின்னப் பெட்டிகள் இருந்தன. சூட்டையும் அசைவையும் வைத்து, நாற்காலியில் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பவை. மின்சாரம் சேமிக்கத்தான் என்றது நிர்வாகம். பத்திரிகையாளர் சங்கம் சண்டை போட்டது, அன்றைக்கே கழற்றிவிட்டார்கள். கருவி அதேதான், கேள்விதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் 'இருக்கக்கூடாதவன் இருக்கிறானா?' அப்புறம் 'ஒருத்தரும் இல்லையா?' அப்புறம் 'இருக்க வேண்டியவன் இருக்கிறானா?'

இப்போது என் வீட்டில் நாலாவது கேள்வி: 'அம்மா நல்லா இருக்காளா?'

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெட்டியைக் கையோடு கொண்டுபோனேன். தங்கமணிக்குச் சந்தேகம்தான், "அத்தைகிட்ட மொதல்ல கேளுங்க" என்றாள். நான் படித்ததையெல்லாம் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள். "ஏய்யா, நான் உங்கப்பாவ நெனச்சுக்கிட்டு திண்ணையில சும்மா உக்காந்திருந்தா இது என்ன சொல்லும்?"

"வீட்டுல ஆள் இல்லேன்னு சொல்லும்மா."

"அப்ப எதிர்வீட்டுக்காரியே தேவலாம்" என்று சிரித்தாள்.

சிரிப்போடு விட முடியவில்லை. எதிர்வீட்டு மதினிக்கும் அறுபது தாண்டிவிட்டது, மகள் வீட்டுக்குப் போனால் ஒரு மாதம் வரமாட்டார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எந்த வாசலிலும் கோலம் கிடையாது. சமீப வருடங்களில் மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குவதையே கண்டுபிடிக்கிற ராடார் சென்சார் வந்திருக்கிறது, அதை வாங்கலாம் என்றான் தம்பி. அம்மா மூச்சு விடுகிறாளா என்று நான் நாக்பூரிலிருந்து செல்போனில் பார்ப்பதா? மனசு ஒப்பவில்லை.

கடைசியில் அம்மாதான் தீர்ப்புச் சொன்னாள். புறவாசலுக்குப் போகிற நடையில் ஒன்று மட்டும். படுக்கிற அறையில் கூடாது, திண்ணைப் பக்கம் கூடவே கூடாது. "அது பாக்குதுன்னு நீ போன் பண்றத நிறுத்திராத" என்பது நிபந்தனை.

இன்று காலை 5.10க்கு நடையில் அசைவு என்று செல்போன் காட்டியது. ஏழு மணிக்குக் கூப்பிட்டேன். மாவு தீர்ந்துவிட்டதாம், இன்றைக்கு நாலு புள்ளிக் கோலம்தானாம். அது எந்தப் பெட்டியிலும் வராது.

ஊரில் அம்மா அப்பாவைத் தனியே விட்டுவிட்டு வந்திருக்கும் மக்களே, நீங்கள் என்ன செய்கிறீர்கள்? சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறேன்.