அலை முன்னே, வண்டி பின்னே

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரிலிருந்து மாஸசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டுக்குத் தூரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். 1914-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஹார்ட்ஃபோர்டில் தம் வீட்டில் ஒரு கிலோவாட் சக்தியுள்ள கம்பியில்லாத் தந்திக் கருவியை அமைத்து வைத்திருந்த ஹைரம் பெர்சி மாக்ஸிம் என்பவர், ஆடியான் என்ற புதுவகை வால்வு ஒன்றை விலைக்கு வாங்கும் பொருட்டு ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்த மற்றோர் அபிமானியை அழைத்துப் பார்த்தார். அழைப்பு அந்தச் சொற்பத் தூரத்தைக்கூடக் கடக்கவில்லை. இரண்டு ஊர்களுக்கும் நடுவே விண்ட்ஸர் லாக்ஸ் என்ற ஊரில் இன்னொருவர் கருவி வைத்திருப்பது அவர் நினைவுக்கு வரவே, செய்தியை அவருக்கு அனுப்பி, அவர் மூலமாக அப்பால் அனுப்பச் செய்து, காரியத்தை முடித்துக்கொண்டார்.

இந்தச் சிறு சம்பவத்தில் விசேஷம் என்னவென்றால், மாக்ஸிம் நினைத்திருந்தால் தாமே வண்டியேறிப் போய் வால்வை வாங்கி வந்திருக்கலாம் என்பதுதான். ஏனெனில், இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்ஸிமின் புதல்வரான அவர், 1895-லேயே மூன்று சக்கர வண்டி ஒன்றில் பெட்ரோல் இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தவர்; அமெரிக்க மோட்டார் வண்டித் தொழிலின் மூலபுருஷர்களில் ஒருவர். சாலையும் அலையும் ஒரே மனிதரின் மூளையில் குடியிருந்தன என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அன்று அலையைத் தேர்ந்தெடுத்த அவர் ஸ்தாபித்த கூட்டத்தாரே, பிற்காலத்தில் அலையில் கேட்ட குரல்களைத் தேடிச் சாலையில் நெடும்பிரயாணம் போவதை ஒரு சம்பிரதாயமாக வளர்த்தார்கள். அந்தச் சம்பிரதாயத்தின் கதையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

கூலி பெறாமல், வியாபார நோக்கமில்லாமல், சர்க்காரின் உரிமத்தோடு தம் வீட்டிலிருந்தே வானொலி அலைகளை அனுப்பியும் வாங்கியும் பழகுகிறவர்களை உலகம் 'ஹாம்' என்றும் 'அமெச்சூர்' என்றும் அழைக்கிறது. 1912-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் இவர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களுக்குள் ஒதுக்கிவிட்டது. அக்காலத்து நிபுணர்களின் கணக்கில் அது தொலைதூரத்துக்கு உதவாத தரிசு நிலம். தனித்தனியே தூரம் போக முடியாதவர்கள் கைமாற்றிக் கைமாற்றிச் செய்தியைக் கொண்டு செல்லலாம் என்று விண்ட்ஸர் லாக்ஸ் அனுபவத்தால் கண்ட மாக்ஸிம், கிளாரன்ஸ் டஸ்கா என்ற இளைஞரைத் துணையாகக் கொண்டு 1914-லேயே அமெரிக்க ரேடியோ ரிலே லீகை நிறுவினார்; மறுவருஷம் டிசம்பரில் 'க்யூ.எஸ்.டி.' என்ற அதன் பத்திரிகையும் தோன்றியது. 1917-ன் தொடக்கத்தில் நியூயார்க்கிலிருந்து கலிபோர்னியாவுக்குச் செய்தி போய், பதிலும் திரும்பி வர ஒரு மணி இருபது நிமிஷம் ஆயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியதும் எல்லா நிலையங்களும் வாய் மூடின.

யுத்தம் முடிந்து அனுமதி திரும்பிய பிறகு, தரிசு நிலத்தில் பொன் விளைந்த காலம் வந்தது. அந்த விளைச்சலின் ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது ஒருவர் பெட்டி படுக்கையோடு கிளம்பியிருக்கிறார் என்பதைச் சரித்திரம் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்க அமெச்சூர்களின் அலை அட்லாண்டிக்கைத் தாண்டுகிறதா என்று அறிய, 1921-ல் பால் காட்லி என்பவரை லீக் கப்பலேற்றி ஸ்காட்லாந்துக்கு அனுப்பியது. அவர் ஆர்ட்ராஸன் கடற்கரையில், டிசம்பர் மாதத்துக் குளிரிலும் மழையிலும், ஒரு கூடாரத்துக்குள் அமர்ந்து, தரைமேல் நெடுந்தூரம் இழுத்துக் கட்டிய கம்பியை ஏரியலாகக் கொண்டு, கனெக்டிகட்டின் கிரீனிச் ஊரிலிருந்து வந்த சமிக்ஞையைக் காதாரக் கேட்டார். கேட்பதற்காகவே கடல் கடந்த யாத்திரை அது.

இரண்டு வருஷம் கழித்து யாத்திரையின் திசை மாறியது. பிரான்ஸ் தேசத்து நீஸ் நகரவாசியான லியான் தெலுவா, 1923-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவுக்கு வந்து, அங்குள்ள அமெச்சூர்களைச் சந்தித்து, அவர்களுடைய கருவிகளையும் முறைகளையும் நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டு ஊர் திரும்பினார். அவ்வாண்டு நவம்பர் இறுதியில், ஏறத்தாழ 100 மீட்டர் அலையில், அவருக்கும் கனெக்டிகட்டிலிருந்த ஃப்ரெட் ஷ்னெல், ஜான் ரைனார்ட்ஸ் ஆகியோருக்கும் இடையே அட்லாண்டிக்கின் குறுக்கே முதல் அமெச்சூர் சம்பாஷணை நடந்தது. முன்பின் அறியாதவர்கள் பேசிப் பிறகு சந்திப்பது உலக வழக்கமாக இருக்க, இங்கே சந்திப்பு முன்னதாகவும் பேச்சு பின்னதாகவும் அமைந்தன. கடிதத்தில் கற்க முடியாத ஏதோ ஒன்று, ஒருவர் அறைக்குள் மற்றொருவர் நுழைந்து பார்த்தபோது கைவந்தது.

அதற்கு அடுத்த சாதனை நம் நாட்டோடும் சம்பந்தப்பட்டது. 1924 அக்டோபர் 18 அன்று, நியூஸிலாந்தின் தென் தீவில் ஷாக் பள்ளத்தாக்கு என்னும் ஆட்டுப்பண்ணையிலிருந்த ஃபிராங்க் பெல்லும், லண்டனின் வடபுறத்து மில் ஹில் பள்ளி மாணவரான ஸெஸில் கோய்டரும், பூமி உருண்டையின் இரு புறங்களிலிருந்து ஒருவரோடொருவர் பேசினர். அந்த மாணவரே பிற்காலத்தில் 1936-ல் இந்தியாவுக்கு வந்து, அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராகப் பணியாற்றினார். 1938 ஜூன் 16-ல் சென்னை நிலையமும் 1939 மே 16-ல் திருச்சி நிலையமும் தொடங்கியபோது அப்பதவியில் இருந்தவர் அவர்தான். திருச்சி நிலையத்தின் சங்கீதக் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, அந்த ஒலியின் பின்னால் ஒரு பள்ளிக்கூட ஹாம் நின்றிருந்தார் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

1925 ஏப்ரலில் பாரிஸ் நகரத்தில் பல தேசத்து அமெச்சூர்கள் கூடிச் சர்வதேசச் சங்கம் கண்டு, மாக்ஸிமையே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். இதற்குள் அவர்களிடையே சில ஆசாரங்கள் வேரூன்றிவிட்டன. பேச்சு முடிந்ததும், நாள், நேரம், அலைநீளம், கேட்ட தரம் ஆகியவற்றைக் குறித்து, தம் அழைப்புக்குறியைப் பெரிய எழுத்தில் அச்சிட்ட தபால் கார்டு ஒன்றை எதிராளிக்கு அனுப்புவது ஒன்று; 'க்யூ.எஸ்.எல். கார்டு' என்று அதற்குப் பெயர். தந்திக்காரர்களிடமிருந்து சுவீகரித்த '73' என்ற எண்ணால் வாழ்த்துச் சொல்லி விடைபெறுவது மற்றொன்று. யாவற்றிலும் முக்கியமானது, அழைப்புக்குறிகளை வரிசைப்படுத்தி, உரியவரின் பெயரையும் விலாசத்தையும் அச்சிட்ட 'கால்புக்' என்னும் பருமனான புத்தகம். வானத்தில் மிதந்த குரலுக்குத் தெருவையும் வீட்டு எண்ணையும் அளித்தது அந்தப் புத்தகம். குரலுக்கு விலாசம் கிடைத்துவிட்டால், பிறகு கால்கள் சும்மா இருக்குமா?

காணாமலே நட்புக் கொண்டவர்களுக்கு உதாரணமாகப் பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் சொல்வது நம் மரபு. பாண்டி நாட்டுப் புலவரும் உறையூர் வேந்தனும் ஒருவரையொருவர் பாராமலே நண்பராயினர் என்று புகழ்கிற நாம், அந்தக் கதையின் முடிவைச் சற்று விரைவாகக் கடந்துவிடுகிறோம். சோழன் வடக்கிருந்தபோது, ஆந்தையார் வருவார் என்று அவனும் நம்பினான். பாண்டி நாட்டிலிருந்து அவரும் வந்து சேர்ந்தார். காணாத நட்பின் பெருமை, கடைசியில் ஒரு நெடுவழிப் பயணத்தில்தான் நிறைவெய்தியது. ஹாம்களின் வழக்கத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பயணமே முன்னே வந்து நிற்கிறது.

இரண்டாம் உலக யுத்தத்தில் மறுபடியும் மௌனம். யுத்தம் ஓய்ந்ததும், இராணுவம் கழித்துக் கட்டிய ரேடியோக் கருவிகள் மலிவு விலையில் சந்தைக்கு வந்தன. விமானங்களிலும் டாங்கிகளிலும் இருந்தவை அமெச்சூர்களின் மோட்டார் கார்களில் ஏறின. ஆனால் மாக்ஸிமின் இரு செல்வங்களான மோட்டாரும் அலையும் வண்டிக்குள் அவ்வளவு சுலபமாக ஒத்துப்போகவில்லை. பெட்ரோல் இயந்திரத்தின் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கும் ஒரு குட்டிப் பொறி-அலைபரப்பியே. அதன் இரைச்சலில் தூரத்துக் குரல் மூழ்கிப்போயிற்று. பிளக் கம்பிகளில் மின்தடைகளைக் கோத்தும், என்ஜின் மூடியையும் வண்டியின் உடலையும் பின்னல் செம்புக் கம்பியால் பிணைத்தும் அந்த இரைச்சலை அடக்கினார்கள். 40 மீட்டர் அலைக்கு முறைப்படி 10 மீட்டர் உயரம் வேண்டிய ஏரியலை, நடுவில் ஒரு கம்பிச்சுருளைப் புகுத்தி, வண்டியின் பின்புறத்தில் நின்று ஆடும் இரண்டரை மீட்டர்ச் சாட்டையாகக் குறுக்கினார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, வண்டியின் எண் பலகையிலேயே அழைப்புக்குறியைப் பொறித்துக்கொள்ள அனுமதித்தன. எதிரே வரும் வண்டியில் போகிறவர் இன்னார் என்பது சாலையிலேயே தெரிந்தது.

இவ்விதம் பிரயாணம் செய்கிறவனுக்குத் தேசப்படமே வேறாகத் தோன்றும். அமெரிக்க அழைப்புக்குறியில் உள்ள இலக்கம் அக்காலத்தில் வட்டாரத்தைக் குறித்ததால், ஒன்று என்றால் நியூ இங்கிலாந்து, ஆறு என்றால் கலிபோர்னியா; ஒன்றிலிருந்து ஆறு வரை வண்டியோட்டுவது, பல வருஷங்களாக இரவில் காதால் மட்டும் கடந்த நாட்டைப் பகலில் கண்ணால் கடப்பதாகும். பகற்பொழுதில் 40 மீட்டர் அலை சில நூறு கிலோமீட்டர் செல்லும். அன்று மாலை யார் வீட்டில் தங்கப் போகிறானோ அவருக்குக் காலையிலேயே வழியிலிருந்து செய்தி சொல்ல அது போதும். இருட்டிய பிறகு அதே அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாவும்; அப்போது தான் விட்டு வந்த ஊரோடு பேசலாம். முன்னால் விருந்தோம்புபவர், பின்னால் வீட்டார், நடுவே சாலை. 1970-களில் குன்றுகளின் உச்சியில், கேட்டதை மறுபடி அலைபரப்பும் ரிபீட்டர் நிலையங்கள் பெருகியபின், ஊரை நெருங்கியதும் இரண்டு மீட்டர் அலையில் அழைத்து, எந்தத் திருப்பத்தில் வலப்புறம் திரும்புவது என்றுகூடக் கேட்டுக்கொள்ளலாயினர்.

ஆனால் வீட்டைக் கண்டுபிடிக்கக் கேட்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் ஏற்படுவதில்லை. நம் ஊர்களுக்கு வருகிறவன் ஊரைக் காணுமுன்னே கோபுரத்தைக் காண்பது போல, ஹாமைத் தேடி வருகிறவன் கூரைகளுக்கு மேலே உயர்ந்து நிற்கும் ஏரியல் கோபுரத்தையும் அதன் உச்சியில் சுழலும் யாகி என்னும் ஏரியலையும் முதலில் காண்கிறான். கதவு திறந்ததும், வந்தவன் தன் பெயரைவிட முன்னதாகத் தன் அழைப்புக்குறியைச் சொல்வான். முகம் புதிது, ஆனால் மனிதர் பழையவர். மோர்ஸ் சாவியைத் தட்டுவதில் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி நடை உண்டு; கையெழுத்தைப் போல அது மாறுவதில்லை; அவர்கள் பாஷையில் அதற்கு 'ஃபிஸ்ட்', அதாவது முஷ்டி, என்று பெயர். பத்து வருஷம் அந்த முஷ்டியை அறிந்தவனுக்கு, அதற்குரிய விரல்கள் கனத்தவையா மெலிந்தவையா என்பது அன்றைக்குத்தான் தெரிய வரும். 'ஷாக்' என்று அவர்கள் அழைக்கும் அறையில், சுவரெல்லாம் உலகத்துக் கார்டுகள் ஒட்டியிருக்க, விருந்தினனைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துத் தன் சாவியை அவனிடம் கொடுப்பதே வீட்டுக்காரர் செய்யும் முதல் உபசாரம். இத்தகைய சந்திப்புக்கு 'ஐபால் க்யூ.எஸ்.ஓ.', கண்ணோடு கண் நடத்தும் சம்பாஷணை, என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருக்கிறார்கள்.

தனித்தனி யாத்திரைகள் பெருகினால் ஒரு திருவிழா தோன்றுவது இயல்பு. ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் 1952-ல் ஒரு ஹோட்டலில் தொடங்கிய ஹாம்வென்ஷன், 1964 முதல் ஹாரா அரங்கத்திலும், 2017 முதல் அண்மையிலுள்ள ஸீனியாவிலும் நடைபெற்று, உலகத்து ஹாம்கள் கூடும் பெருஞ்சந்தையாக வளர்ந்தது. வேறு சிலர் தேசங்களையே ஊர்களாக எண்ணிப் புறப்பட்டார்கள். கலிபோர்னியாவைச் சேர்ந்த லாய்டு கால்வின், ஐரிஸ் கால்வின் தம்பதியர் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குச் சென்று அங்கிருந்தெல்லாம் அலைபரப்பினர்.

நம் நாட்டிலும் இந்தக் குலம் சிறியதாயினும் பழையது. 1921-லேயே கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்து அமெச்சூர் நிலையம் நடத்தினார்; 1924-ல் சி.வி. கிருஷ்ணசுவாமி செட்டி முதலானோர் சென்னை மாகாண ரேடியோ கிளப்பை நிறுவி, நிகழ்ச்சிகளை ஒலிபரப்பலாயினர். எண்பது வருஷத்துக்குப் பின், 2004 டிசம்பரில், பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு குழு, நீண்டகாலமாக அமெச்சூர் குரலே கேளாதிருந்த அந்தமான் தீவுகளுக்குச் சென்று உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தது. 26-ஆம் தேதி சுனாமி வந்து தொலைபேசிகள் செத்துக் கிடந்தபோது, விளையாட்டாகக் கொண்டுபோன அந்தக் கருவிகளே உறவினரின் க்ஷேம சமாசாரத்தைக் கரை சேர்க்கும் கருவிகளாயின. பிரயாணம் போன இடத்தில் இருந்ததனால்தான் அந்த உதவி சாத்தியமாயிற்று.

தூரத்தை அழிக்கும் சாதனம் வந்தால் மனிதர் வீட்டை விட்டு நகரமாட்டார் என்பது எல்லாக் காலத்திலும் சொல்லப்படுகிற ஆரூடம். ஹாம்களின் நூறாண்டுச் சரித்திரம் அந்த ஆரூடத்தைப் பொய்யாக்குகிறது. போவதற்கு ஒரு காரணமும், போய்ச் சேர ஒரு வாசலும் இல்லாதிருந்த சாதாரண மனிதருக்கு, உலகெங்கும் வாசல்களைத் திறந்துவைத்தது அலை. அவற்றைத் தட்டுவதற்கு அவர்கள் சாலையை நாடினார்கள்.

மாக்ஸிம் 1936-ல் காலமானார். ஹார்ட்ஃபோர்டுக்கு அருகே நியூயிங்டனில் அவர் நினைவாக 1938-ல் லீக் திறந்துவைத்த நிலையம், அவருடைய அழைப்புக்குறியான டபிள்யூ-1-ஏ.டபிள்யூ. என்பதையே தாங்கி இன்றும் இயங்குகிறது. உரிமத்தைக் கையில் கொண்டு வருகிற எந்த ஹாமும் அங்கே நாற்காலியில் அமர்ந்து, அந்தக் குறியின் பெயரால் அலைபரப்பலாம்.