சாட்சிக்கு நட்ட செடி

ஊட்டியிலிருந்து பைக்காரா, நடுவட்டம் தாண்டிக் கூடலூருக்கு இறங்கும்போது வழியெல்லாம் தேயிலைதான். படம் எடுக்க வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு எல்லாச் செடியும் ஒரே பச்சை. கூடலூர் வட்டாரத்தில் ஆதிவாசிகள் வைத்திருக்கும் சிறு துண்டு நிலங்களில் அந்தச் செடி வந்த காரணம் வேறு. டீ குடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. நிலம் யாருடையது என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கூடலூர் நிலத்தின் வரலாறு பெரிய சிக்கல். நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம (பரம்பரை உரிமை) நிலமாக இருந்து, 1969-ல் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்து, அதன்மேல் வழக்கு, வழக்கின்மேல் வழக்கு என்று போனது. இந்தச் சண்டை எதிலும் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் ஆகியோரின் பெயர் வரவில்லை. காலங்காலமாக இருந்த இடத்துக்குப் பெரும்பாலோரிடம் பட்டா இல்லை. 1980-களின் நடுவில் ஸ்டான் தேக்கேக்கராவும் அவர் மனைவி மாரியும் அங்கே ‘அக்கார்டு’ அமைப்பைத் தொடங்கினார்கள். பாடி பாடியாக (பாடி என்றால் ஆதிவாசிகளின் சிற்றூர்) சங்கங்கள் உருவாகி, ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாக ஒன்றுசேர்ந்தன. 1988 டிசம்பரில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் நில உரிமை கேட்டுக் கூடலூர் வீதியில் ஊர்வலம் போனார்கள். ரோட்டில் ஒதுங்கி நடந்தே பழகியவர்கள் ரோட்டை நிறைத்து நடந்ததை ஊர் அன்றுதான் பார்த்தது.

ஊர்வலம் போனால் மட்டும் நிலம் கைக்கு வந்துவிடாது. மீட்ட இடத்தில் ராகியோ மரவள்ளியோ போட்டால் அறுவடை முடிந்ததும் தரை மொட்டையாகிவிடும். அடுத்த நாள் வேறொருவர் வேலி போடலாம், வனத்துறை கல் நடலாம். தேயிலை அப்படியில்லை. வேர் பிடித்துவிட்டால் பல பத்தாண்டு நிற்கும். கவ்வாத்து செய்தாலும் துளிர்க்கும். அனுபவத்தில் இருக்கிறோம் என்பதற்கு அதைவிட உறுதியான அத்தாட்சியை எந்த வக்கீலும் எழுதித்தர முடியாது. அதனால்தான் நாற்று நட்டார்கள். மூன்று வருடத்தில் கொழுந்து கிள்ளலாம், பேக்டரிக்கு எடை போடலாம் என்பது கூடுதல் லாபம். எஸ்டேட்டில் கூலிக்கு இலை பறித்தவர்கள் முதல்முறையாகத் தங்கள் பெயரில் பச்சை இலை எடை போட்டார்கள்.

இதே காலத்தில் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. பாடிகளிலிருந்து பெண்களைத் தேர்ந்தெடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் பிரசவச் சிக்கலையும் சோகையையும் கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கே அனுப்புவது என்பதுதான் கேள்வி. வெளி மருத்துவமனைகளில் எங்களை மதிப்பதில்லை, எங்களுக்கென்று ஒன்று வேண்டும் என்று சங்கத்தில் பேச்சு எழுந்தது. 1990-ல் ‘அஷ்வினி’ அமைப்பும் அதன் கீழ் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் அப்படி வந்தவை. நர்ஸ்களும் ஆதிவாசிப் பெண்களே.

அந்த மருத்துவமனை கையில் எடுத்த நோய்களில் ஒன்று சிக்கிள் செல் சோகை. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் முழு நோய். ஹீமோகுளோபினில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிவிடுகிறது. அதனால் வட்டமாக வளைந்துகொடுத்து ஓட வேண்டிய சிவப்பணு அரிவாள் மாதிரி விறைத்து, மெல்லிய ரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்கிறது. சிக்கிய இடமெல்லாம் வலி. எலும்பைப் பிழிகிற வலி என்பார்கள். மூளைக்குப் போகும் குழாய் அடைபட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் பக்கவாதம் வரும். குளிரும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் வலியைத் தூண்டும். மழையில் நனைந்தபடி இலை பறிக்கும் ஊரில் இந்த அறிவுரையை எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. இந்தியாவில் இந்த மரபணு முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் 1952-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். மலேரியா பரவிய காடுகளில் இந்த மரபணு ஒற்றையாக இருந்தால் பாதுகாப்பு என்பதும் பிறகு தெரியவந்தது. மானுடவியலுக்கும் மரபியலுக்கும் நல்ல தீனி. ரத்தம் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மட்டும் அந்த வலிக்குப் பெயர் தெரியாமலே பல பத்தாண்டுகள் இருந்தார்கள். பெயர் பாடிக்கு வந்து சேர, பாடியிலிருந்தே ஆள் எடுத்த ஒரு மருத்துவமனை தேவைப்பட்டது.

பெயர் தெரிந்தபின் செலவு ஆரம்பம். ஃபோலிக் அமிலம், ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை, அவ்வப்போது ரத்தம் ஏற்றுவது, எல்லாம் ஆயுள் முழுக்க. இரங்கி ஒருமுறை கொடுக்கும் நன்கொடை இதற்குப் போதாது. 1992-லேயே சங்க உறுப்பினர்களுக்குக் குழுக் காப்பீடு தொடங்கினார்கள். வருடா வருடம் சிறு தொகை கட்ட வேண்டும். பிறகு, 1990-களின் இறுதியில், சங்கத்துக்கென்று 100 ஏக்கருக்கு மேல் ஒரு தேயிலைத் தோட்டம் வாங்கப்பட்டது. பெயர் மதுவனா. எஸ்டேட்டில் கொத்தடிமைபோல் இருந்த சமூகம் எஸ்டேட்டுக்குச் சொந்தக்காரரானது. அதன் வருமானம் மருத்துவமனையும் ஆதிவாசிப் பிள்ளைகளுக்கான பள்ளியும் சொந்தக் காலில் நிற்க உதவ வேண்டும் என்பது எண்ணம்.

எண்ணம் நல்லதுதான், நேரம் சரியில்லை. அதே ஆண்டுகளில் நீலகிரி முழுக்கப் பச்சை இலை விலை விழுந்தது. குன்னூர் தேயிலை ஏலத்தில் விலை சரிந்தால் கூடலூரில் மாத்திரைப் பணம் குறையும் என்ற நிலை. இங்கேதான் 1994-ல் ஸ்டானும் மாரியும் பார்த்த ஒரு காட்சி கைகொடுத்தது. பிரிட்டனில் ஏழ்மை எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல அவர்களை அழைத்திருந்தார்கள் (வழக்கமாக இது தலைகீழாக நடப்பது). கிளாஸ்கோவில் ஈஸ்டர்ஹவுஸ் என்ற ஏழைக் குடியிருப்பில் ஜனங்கள் டீக்குக் கொடுத்த விலைக்கும் கூடலூரில் இலை பறித்தவருக்குக் கிடைத்ததற்கும் நடுவில் மலையளவு இடைவெளி. விளைவிப்பவரும் ஏழை, குடிப்பவரும் ஏழை; நடுவில் இருப்பவர் மட்டும் வசதி. இரு தரப்பையும் நேராகச் சேர்த்துவிட்டால் என்ன என்று பிறந்ததுதான் ‘ஜஸ்ட் சேஞ்ச்’. ஆதிவாசித் தேயிலை பாக்கெட்டாகி பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் குடியிருப்புக் குழுக்கள், ஆதரவுக் குழுக்கள் வழியாகப் போனது. தேயிலையோடு அரிசி, தேங்காயெண்ணெய், சோப்பு என்று இந்தியாவுக்குள்ளும் குழுவுக்குக் குழு பண்டமாற்று மாதிரி விரிந்தது.

இந்தத் தேயிலைதான் மருத்துவமனையை நடத்துகிறது என்று சொன்னால் அது மிகை. நன்கொடையும் அரசுத் திட்டங்களும் இல்லாமல் முடியாது. தேயிலை ஒரு நல்ல வியாபாரம்கூட இல்லை. நீலகிரியில் எந்தச் சிறு விவசாயியைக் கேட்டாலும் சொல்வார். ஆனாலும் நோயாளிக்காகக் கையேந்துவதற்கும், நோயாளியின் ஆட்கள் விளைவித்ததை விற்று அதில் ஒரு பங்கைச் சிகிச்சைக்கு வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் மருத்துவமனை வாசலில் நுழையும் விதத்திலேயே தெரியும். சங்க உறுப்பினர் அங்கே கேள்வி கேட்கலாம், கணக்குக் கேட்கலாம்.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் பிரதமர் சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார், இலக்கு 2047. கோடிக்கணக்கானவர்களுக்குப் பரிசோதனை, கையில் ஓர் அட்டை. கல்யாணத்துக்கு முன்பே பையன், பெண் இருவர் அட்டையையும் பார்த்துக்கொள்ளலாம். இருவருக்கும் மரபணு ஒற்றையாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு முழு நோய்க்கு. பரிசோதனை ஒரு நாள் வேலை. ஹைட்ராக்ஸியூரியா சாப்பிடுகிறவருக்கோ ரத்த அணுக்களின் எண்ணிக்கையைத் தவறாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு அன்றைய கூலியை விட்டுவிட்டு, பந்தலூர்ப் பக்கத்துப் பாடியிலிருந்து பஸ் ஏறிக் கூடலூர் வர வேண்டும்.